பருவநிலை அறிக்கையில் வெள்ளி எங்கே?

ஏப்ரல் வந்தால் சிங்கப்பூரில் பங்கு வைத்திருப்பவர்களுக்கு ஆண்டறிக்கைக் காலம். இப்போதெல்லாம் அதோடு நீடித்த நிலைத்தன்மை அறிக்கை என்று இன்னொன்றும் வருகிறது. அட்டையில் ஒரு மரக்கன்று, உள்ளே ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில் குப்பை பொறுக்கும் ஊழியர்கள், அப்புறம் தலைமை நிர்வாகியின் சிரித்த முகம். பெரும்பாலானோர் அதோடு மூடிவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், முதல் பாதியில் பெரும்பாலும் ஒன்றும் இருப்பதில்லை.

விஷயம் பின்பாதியில்தான் இருக்கிறது. பருவநிலை அறிக்கை வருவது அங்கேதான். பருவநிலை அறிக்கையை நிறுவனத்தின் நன்னடத்தைச் சான்றிதழ் மாதிரிப் படித்தால் ஏமாந்து போவோம். வெயிலும் வெள்ளமும், வெளியேற்றும் கரிம வாயுவுக்கு டன் கணக்கில் கட்டும் கரிம வரியும் சேர்ந்து நம் நிறுவனத்தின் லாபத்தில் எவ்வளவு கடிக்கப் போகின்றன என்று சொல்வதுதான் அதன் வேலை. 2023 ஜூனில் வந்த ஐஎஃப்ஆர்எஸ் எஸ்2 என்ற அனைத்துலகத் தரநிலையும் முதலீட்டாளரை மனத்தில் வைத்து எழுதப்பட்டதுதான். சிங்கப்பூர் பங்குச் சந்தை இப்போது அதைத்தான் பின்பற்றச் சொல்கிறது. ஆகவே நான் எந்த அறிக்கையைத் திறந்தாலும் தேடுவது ஒன்றே ஒன்று: வெள்ளிக் கணக்கு, அதாவது சிங்கப்பூர் டாலரில் எவ்வளவு என்பது.

கரிம வரியை எடுத்துக்கொள்ளுங்கள். 2019ல் ஒரு டன்னுக்கு 5 வெள்ளி. 2024ல் 25 ஆனது. 2026லும் 2027லும் 45. 2030க்குள் 50லிருந்து 80 வெள்ளி வரை போகும் என்று அரசாங்கம் முன்கூட்டியே சொல்லிவிட்டது. ஆண்டுக்கு 100,000 டன் வெளியேற்றும் ஆலை ஒன்று இருந்தால், சலுகை எதையும் கழிக்காமல் பார்க்கும்போது, 2019ல் அரை மில்லியன் வெள்ளி கட்டியிருக்கும். 80 வெள்ளி ஆனால் 8 மில்லியன். இதைப் போட்டுப் பார்க்கக் கால்குலேட்டர்கூடத் தேவையில்லை. அப்படியிருக்க, நேரடியாக வரி கட்டும் நிறுவனமே தன் அறிக்கையில் "கரிம வரி உயர்வு: நடுத்தர அபாயம்" என்று மஞ்சள் நிறக் கட்டம் ஒன்றை மட்டும் போட்டு நகர்ந்தால் எனக்குக் கோபம் வருகிறது. வரி விகிதம் தெரியும், டன் கணக்கும் அடுத்த பக்கத்திலேயே இருக்கிறது, பெருக்கிக் காட்டுவதில் என்ன தயக்கம்?

அந்த வண்ணக் கட்டங்களைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். இடப்பக்கம் அபாயங்களின் பட்டியல், மேலே உலக வெப்பம் 1.5 டிகிரி கூடினால், 3 டிகிரி கூடினால் என்று இரண்டு எதிர்காலம், நடுவில் பச்சை, மஞ்சள், சிவப்பு. பார்க்க அழகாக இருக்கும், எண் ஒன்றும் இருக்காது. தரநிலையும் இதற்கு ஒரு கதவைத் திறந்துதான் வைத்திருக்கிறது. தாக்கத்தைத் தனியாகப் பிரித்தெடுக்க முடியவில்லை என்றாலோ, மதிப்பீட்டில் நிச்சயமின்மை மிக அதிகம் என்றாலோ, தொகை சொல்லாமல் விடலாம். ஆனால் ஏன் விட்டோம் என்று விளக்க வேண்டும். அந்த விளக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். நிறுவனம் உண்மையாக உட்கார்ந்து கணக்குப் போட்டதா, ஆலோசகர் கொடுத்த படத்தை ஒட்டியதா என்பது அந்த நாலு வரியில் தெரிந்துவிடும்.

தேக்காவில் தே குடித்துக்கொண்டிருந்தபோது, வங்கிப் பங்குகளாகவே வாங்கி அடுக்கியிருக்கும் ஓர் அண்ணன் கேட்டார்: "தம்பி, பேங்க் என்ன புகையா விடுது? ஏர்கான் போட்டு உட்கார்ந்திருக்கான், அவனுக்கு என்ன கார்பன்?" நல்ல கேள்வி. வெளியேற்றக் கணக்கில் ஸ்கோப் 1 என்பது தானே நேரடியாக வெளியேற்றுவது, வங்கிக்கு அது ஜெனரேட்டர் டீசல், வண்டிகள், ஏர்கான் வாயுக் கசிவு என்ற அளவில்தான். ஸ்கோப் 2 வாங்கும் மின்சாரம். இரண்டும் சின்னது. ஆனால் வங்கி கடன் கொடுத்திருக்கும் எண்ணெய்க் கம்பெனி, மின்நிலையம், கப்பல், செம்பனைத் தோட்டம் எல்லாம் வெளியேற்றுவதில் வங்கியின் பங்கு ஸ்கோப் 3ல் வருகிறது. மலை அங்கேதான். "அண்ணே, நாளைக்கு நிலக்கரி மின்நிலையம் ஒன்றைச் சீக்கிரமே மூடச் சொன்னால், கடனைத் திருப்பிக் கட்டுவது யார்?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவர், "அப்ப டிவிடெண்ட்?" என்றார். சரியான இடத்துக்கு வந்துவிட்டார். டிபிஎஸ், ஓசிபிசி, யூஓபி என்ற நம் மூன்று உள்ளூர் வங்கிகளும் புதிய நிலக்கரி மின்நிலையங்களுக்குக் கடன் கொடுப்பதை நிறுத்துவதாக 2019லேயே அறிவித்துவிட்டன. வங்கிக்காரர்கள் சும்மா அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

நம் ஊரின் இன்னொரு செல்லப் பிள்ளை ரீட், அதாவது கடைத்தொகுதி, அலுவலகம் போன்ற கட்டடங்களை வைத்து வாடகையைப் பங்கிட்டுத் தரும் நிதி. 2010 ஜூனில் ஆர்ச்சர்ட் ரோட்டில் தண்ணீர் புகுந்து லியட் டவர்ஸ் கடைகள் மூழ்கியது ஞாபகம் இருக்கிறதா? அதற்குப் பிறகு தேசியத் தண்ணீர் அமைப்பான பியூபி, ஸ்டாம்ஃபர்ட் கால்வாயின் சுமையைக் குறைக்கத் திசைதிருப்புக் கால்வாயும் நிலத்தடித் தொட்டியும் கட்டி 2018ல் முடித்தது. அதாவது கட்டட உரிமையாளர்களின் அபாயத்தில் பெரும்பகுதியை அரசாங்கம் தன் செலவில் குறைத்துக் கொடுத்தது. இங்கே நிலப்பரப்பில் ஏறத்தாழ 30 விழுக்காடு கடல் மட்டத்திலிருந்து 5 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் இருக்கிறது, 2100க்குள் கடல் 1.15 மீட்டர் வரை உயரலாம் என்கிறது 2024ல் வெளியான அரசாங்க ஆய்வு. சிங்கப்பூர் தன் கரையை எப்படியாவது காத்துக்கொள்ளும் என்று நம்புகிறேன். ஆனால் உங்கள் ரீட்டின் கட்டடங்களில் பாதி வேறு நாட்டில் இருந்தால் அங்கே தொட்டி கட்டித் தருவது யார்? எந்தெந்தக் கட்டடம் வெள்ளப் பகுதியில் இருக்கிறது, காப்புறுதிச் சந்தா எவ்வளவு ஏறியிருக்கிறது, இந்த இரண்டும் அறிக்கையில் இருந்தால் அந்த நிர்வாகத்துக்கு என் ஓட்டு.

இஎஸ்ஜி நிதி (சுற்றுச்சூழல், சமூகம், நிர்வாகம் மூன்றையும் பார்த்து முதலீடு செய்யும் நிதி) வாங்கியிருக்கிறேன், இந்தத் தலைவலியெல்லாம் எனக்கு வேண்டாம் என்பவர்களுக்கு ஒன்று. 2023 ஜனவரி முதல், பெயரில் இஎஸ்ஜி போட்டுக்கொண்டு இங்கே பொதுமக்களுக்கு விற்கும் நிதி, தன் சொத்து மதிப்பில் குறைந்தது மூன்றில் இரண்டு பங்கை அந்த உத்தியின்படி முதலீடு செய்ய வேண்டும் என்பது சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் எதிர்பார்ப்பு. மீதி ஒரு பங்கில் என்ன இருக்கிறது என்று நிதியின் மாதாந்தரத் தகவல் தாளைப் பாருங்கள். பெரிய பெயர் என்பதால் நம்பிவிடவும் முடியாது. இஎஸ்ஜி விஷயத்தில் தவறான தகவல் தந்ததற்காக டிடபிள்யூஎஸ் என்ற ஜெர்மானிய நிதி நிறுவனத்தின் கிளைக்கு 2023 செப்டம்பரில் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் 19 மில்லியன் அமெரிக்க டாலர் அபராதம் போட்டது.

இதற்கிடையில் 2025 ஆகஸ்டில் இங்கே பருவநிலை அறிக்கைக்கான காலக்கெடுவைத் தளர்த்திவிட்டார்கள். பட்டியலிட்ட எல்லா நிறுவனங்களும் ஸ்கோப் 1, ஸ்கோப் 2 கணக்கை 2025 நிதியாண்டு முதல் காட்டியாக வேண்டும், அதில் மாற்றமில்லை. சந்தையின் பெரிய நிறுவனங்கள் அடங்கிய எஸ்டிஐ குறியீட்டில் உள்ளவற்றுக்கு 2026 முதல் ஸ்கோப் 3யும் உண்டு. மற்றவற்றில் சந்தை மதிப்பு 1 பில்லியன் வெள்ளியும் அதற்கு மேலும் உள்ளவற்றுக்கு முழு பருவநிலை அறிக்கை 2028 வரை, அதற்குக் குறைந்தவற்றுக்கு 2030 வரை அவகாசம். சின்ன கம்பெனிகளுக்கு ஆளும் இல்லை பணமும் இல்லை என்பது நியாயமான காரணம்தான். எனக்கு உறுத்துவது வேறு: வெள்ளமும் வரியும் 2030 வரை காத்திருக்கப் போவதில்லை, தாக்குப்பிடிக்கச் சக்தி குறைந்தவையும் இந்தச் சின்ன கம்பெனிகள்தான்.

அதனால் அதுவரை நாம்தான் கேட்க வேண்டும். ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு முன்பே பங்குதாரர்கள் கேள்வி அனுப்பலாம், முக்கியமான கேள்விகளுக்கு நிறுவனம் பங்குச் சந்தையின் இணையத்தளத்தில் பதில் போடும். கூட்டத்தில் பஃபே உண்டா என்பதை மட்டும் விசாரிக்கும் நம் மக்கள் இதையும் பயன்படுத்தலாம். "டன்னுக்கு 80 வெள்ளி ஆனால் நம் லாபம் எவ்வளவு குறையும்?" என்று ஒரே வரி எழுதுங்கள், போதும். "எங்கள் அறிக்கையைப் பார்க்கவும்" என்று பதில் வந்தால், எந்தப் பக்கம், எந்த வரி என்று திருப்பிக் கேளுங்கள்.