வால்டாக்ஸ் ரோடும் மாடிப் பூங்காவும்

போன மாதம் சென்ட்ரலில் இறங்கி யானைக்கவுனி பக்கம் நடந்துகொண்டிருந்தபோது மகள் கேட்டாள், "அம்மா, வால்டாக்ஸ்னா யாரும்மா? வெள்ளைக்காரத் துரையா?" சாலைக்கு வ.உ.சி. பெயர் வைத்து எவ்வளவோ நாளாகிவிட்டது, ஆனாலும் ஆட்டோக்காரர் முதல் சரக்கு ஏற்றுகிறவர் வரை வால்டாக்ஸ் என்றுதான் சொல்கிறார்கள். துரை இல்லை கண்ணு, அது ஒரு வரி, மதில் வரி என்று சொன்னேன். எந்த மதில் என்று அடுத்த கேள்வி வந்தது. சரி, வா காட்டுகிறேன் என்று அங்கேயே ஒரு ஆட்டோ பிடித்து மாடிப் பூங்கா இருக்கிற ஓல்ட் ஜெயில் ரோட்டுக்குக் கூட்டிப்போனேன்.

நான் பழைய வண்ணாரப்பேட்டையில் வளர்ந்தவள். சாயங்காலம் தாத்தா என்னை மாடிப் பூங்காவுக்கு அழைத்துப் போவார். படியேறி மேலே போனால் செடி, பெஞ்சு, காற்று. தரையில் இல்லாமல் உயரத்தில் இருக்கிற பூங்கா என்பதால் மாடிப் பூங்கா, அவ்வளவுதான் அப்போது தெரியும். காலுக்குக் கீழே இருப்பது சென்னைப் பட்டணத்தைக் காக்கக் கட்டிய பழைய மதில், 1950களில் மாநகராட்சி அதன் தலையில்தான் பூங்கா போட்டது என்பதெல்லாம் கல்லூரிக்குப் போன பிறகு தெரிந்துகொண்டது. தாத்தாவுக்குத் தெரிந்திருந்ததா என்று கேட்க அவர் அப்போது இல்லை.

மதில் ஏன் வந்தது என்பதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். நம் ஆட்கள் குடியிருந்த பகுதியை ஆங்கிலேயர் கறுப்பர் நகரம் என்றார்கள். முதல் கறுப்பர் நகரம் இப்போது உயர் நீதிமன்றம் இருக்கிற இடத்தில், செயின்ட் ஜார்ஜ் கோட்டைச் சுவரை ஒட்டியே இருந்தது. 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தார்கள், 1749இல் திருப்பிக் கொடுத்தார்கள். இடைப்பட்ட காலத்தில் கோட்டைக்கு மிக அருகில் இருந்த வீடுகளை இடித்துத் தள்ளினார்கள். திரும்பி வந்த ஆங்கிலேயர் மிச்சத்தையும் இடித்து அந்த இடத்தை வெட்டவெளியாக்கினார்கள். எதிரி வந்தால் வீடுகளில் ஒளிந்துகொண்டு கோட்டையைச் சுட முடியாதல்லவா, அந்தக் கணக்கு. குடியிருந்தவர்கள் வடக்கே முத்தியால்பேட்டைக்கும் பெத்தநாயக்கன்பேட்டைக்கும் நகர்ந்தார்கள். அந்த வெட்டவெளிக்கு எல்லை காட்ட நட்ட கல்தூண்களில் ஒன்று பாரிமுனையில் டேர் ஹவுஸ் வளாகத்தில் இன்றும் நிற்கிறது, அடுத்த தடவை அந்தப் பக்கம் போனால் பாருங்கள்.

ஆனால் நகர்ந்து போன புது ஊருக்கு ஒழுங்கான காவல் இல்லை. 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி படையோடு வந்தபோது கறுப்பர் நகரம் அவர் கையில் போனது, கோட்டை மட்டும் தாக்குப்பிடித்தது, 1759 பிப்ரவரியில் முற்றுகை முடிந்தது. பத்து வருஷம் கழித்து 1769இல் மைசூரை ஆண்ட ஹைதர் அலி சென்னையின் வாசல் வரைக்கும் வந்து, கிழக்கிந்தியக் கம்பெனியை உடன்படிக்கையில் கையெழுத்துப் போட வைத்துவிட்டுப் போனார். அதற்கப்புறம்தான் கம்பெனிக்கு உறைத்தது. வடக்கிலும் மேற்கிலும் செங்கல் மதில், கிழக்கே கடல், தெற்கே கோட்டை. 1770களின் தொடக்கத்தில் வேலை முடிந்தது. ஒப்பந்தம் எடுத்தவர் பால் பென்ஃபீல்ட், ஆற்காடு நவாபுக்குக் கடன் கொடுத்தே பெரும் பணக்காரராகி, 1785இல் எட்மண்ட் பர்க் என்ற உறுப்பினர் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் பெயர் சொல்லிக் கிழித்தாரே, அதே பென்ஃபீல்ட்.

கட்டிய செலவை யார் தருவது? உள்ளே பத்திரமாக இருக்கப்போகிற நீங்கள்தான் என்று குடிமக்கள் தலையில் வரி போடப் பார்த்தார்கள். எதிர்ப்பு வந்தது, வரி வசூலாகவே இல்லை. மேற்கு மதிலை ஒட்டிப் போன சாலைக்குப் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. மதிலுக்கு வாசல்கள் இருந்தன, வாசலைக் கவுனி என்பார்கள். யானைக்கவுனி என்று நாம் தினமும் சொல்வது அப்படி ஒரு வாசலைத்தான்.

இதில் என்னை அதிகம் யோசிக்க வைப்பது மதிலுக்கு வெளியே விடப்பட்டவர்கள். 1780இல் ஹைதர் மறுபடி படையெடுத்தபோது சுற்றுவட்டக் கிராமங்கள் அழிந்தன, பஞ்சம் வந்தது, ஜனங்கள் சென்னையை நோக்கி ஓடி வந்தார்கள். 1782இல் அவர்களுக்குக் கஞ்சி ஊற்றத் தொடங்கிய இடம் வடக்கு மதிலுக்கு வெளியே இருந்தது. அதுதான் மணியக்காரர் சத்திரம், எங்கள் ஊர்வாக்கில் கஞ்சித்தொட்டி. அதோடு சேர்ந்து வளர்ந்த வைத்தியசாலைதான் இன்றைய ஸ்டான்லி. என் பாட்டி கடைசி வரை ஸ்டான்லியைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றுதான் சொன்னார். வெள்ளைக்காரன் கட்டிய சுவரை நாம் ஏன் காப்பாற்ற வேண்டும் என்று கேட்கிற நண்பர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். செங்கல் சுட்டதும் சுண்ணாம்பு அரைத்ததும் மண் சுமந்ததும் நம் ஆட்கள். உள்ளே பயந்து உட்கார்ந்திருந்ததும் வெளியே பசியோடு நின்றதும் நம் ஆட்கள். அவர்களைப் பற்றிச் சொல்ல அந்தத் தெருவில் வேறு என்ன மிச்சமிருக்கிறது?

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஊர் விரிந்தது, மதில் தேவைப்படவில்லை, துண்டு துண்டாக இடித்தார்கள். வடக்குப் பக்கத்தில் மாடிப் பூங்கா இருக்கிற துண்டு பிழைத்தது. இப்போது அது மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாக்கப்பட்ட சின்னம்.

அன்றைக்கு மகளோடு போய்ப் பார்த்தபோது மனசு கஷ்டமாக இருந்தது. சுவர் இடுக்கில் அரசங்கன்று. பறவை எச்சத்தில் வந்து விழுகிற விதை, பழைய சுண்ணாம்புச் சாந்து அதற்கு நல்ல மண். மேலே வெட்டிவிட்டால் போதும் என்று நினைக்கிறோம், வெட்ட வெட்ட வேர் உள்ளே பருத்துச் செங்கல்லைப் பிளக்கும். விரல் அளவு இருக்கும்போதே வேரோடு எடுத்துவிட வேண்டும், பெரிதாகிவிட்டால் வேரை இருக்கிற இடத்திலேயே கொன்றுவிட்டு, அந்தப் பகுதிச் செங்கல்லைப் பிரித்து மறுபடி அடுக்க வேண்டும். அடுத்தது சிமெண்ட். சுண்ணாம்பில் கட்டிய பழைய சுவர் ஈரத்தை இழுக்கும், விடும். அதன் மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே மாட்டிக்கொள்கிறது. இங்கே கடல் வேறு பக்கத்தில், உப்பும் சேர்ந்து செங்கல்லின் முகம் செதில் செதிலாக உதிர்கிறது. எந்தப் பழைய கட்டடத்திலும் சிமெண்ட் பூச்சைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும். சளைக்காமல் சுண்ணாம்பு அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீர் விட்டுப் பூசத் தெரிந்த கொத்தனார்கள் தமிழ்நாட்டில் இன்னும் இருக்கிறார்கள், அவர்களுக்குத்தான் வேலை கொடுக்க வேண்டும்.

இதைவிடக் கஷ்டமான விஷயம் ஒன்று இருக்கிறது. 2010இல் திருத்திய சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கட்டக் கூடாது, பழுது பார்ப்பதற்கும் அனுமதி வேண்டும், அதற்கடுத்த 200 மீட்டருக்கும் கட்டுப்பாடு உண்டு. வயல்வெளியில் இருக்கிற கோயிலுக்கு இது சரி. வடசென்னையில் 100 மீட்டருக்குள் எத்தனை வீடு! மழைக்கு ஒழுகுகிற கூரையை மாற்ற அலைகிறவருக்கு அந்த மதில்மேல் எப்படிப் பாசம் வரும்? அன்று வரி, இன்று அனுமதி, அக்கம்பக்கத்தாருக்கு மதில் என்றாலே தொல்லை என்று ஆகிவிட்டது. சட்டத்தை எடுத்துவிடச் சொல்லவில்லை, எடுத்தால் சுவரை ஒட்டி ஐந்து மாடி எழும்பிவிடும். சின்னப் பழுதுகளுக்கான அனுமதியையாவது வார்டு அளவில் முகாம் போட்டு, படிவத்தைத் தமிழில் கொடுத்து, ஒரு மாதத்துக்குள் முடித்துக் கொடுக்கலாமே. அப்புறம் அந்தத் தெருப் பிள்ளைகள் மேலே ஏறி விளையாட, பெரியவர்கள் சாயங்காலம் உட்கார இடம் இருக்க வேண்டும். தாத்தா என்னை அங்கே கூட்டிப்போனதால்தான் இன்று அரசங்கன்றைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது.

மாடிப் பூங்காவில் எடுத்த பழைய போட்டோ உங்கள் வீட்டு ஆல்பத்தில் இருந்தால் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். பிறந்தநாள், ஸ்கூல் பிக்னிக், எதுவானாலும் சரி. முகங்களுக்குப் பின்னால் கைப்பிடிச் சுவர் எந்த உயரத்தில் இருந்தது, பூச்சு எப்படி இருந்தது, எந்த இடத்தில் விரிசல் விட்டிருந்தது என்பதெல்லாம் அதில் தெரியும், நாளைக்குச் சீர்செய்கிறவர்களுக்கு அது உதவும். எங்கள் வீட்டில் ஒன்றுதான் இருக்கிறது. தாத்தா பெஞ்சில், நான் மடியில், பின்னால் ஒரு முழம் மதில்.