மட்டை வாய்ப்புகளைப் பங்கிடும் வேலை

அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பால் பருவம் அக்டோபர் கடைசியிலோ நவம்பர் தொடக்கத்திலோ உலகத் தொடரோடு முடிகிறது. அடுத்த பருவம் மார்ச் கடைசி வாரத்தில் தொடங்குகிறது. மைதானங்கள் பூட்டிக் கிடக்கும் அந்த இடைக்காலத்தில்தான் எங்கள் குழுவுக்கு வேலை கழுத்தை நெரிக்கும். ஃபேண்டஸி பேஸ்பால் ஆடுபவர்களுக்காக, ஒவ்வொரு ஆட்டக்காரரும் வரும் ஆண்டில் எத்தனை ஹோம் ரன் (எல்லையைத் தாண்டிப் பறக்கும் அடி) அடிப்பார், எத்தனை பேஸ்களைத் திருடுவார் (பந்து அடிக்கப்படாமலேயே ஓடி அடுத்த நிறுத்தத்தைப் பிடிப்பது), எத்தனை பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்வார் (மட்டையாளரை மூன்று ஸ்ட்ரைக்கில் வெளியேற்றுவது) என்று முன்கூட்டியே கணித்துத் தருவது எங்கள் பணி.

இந்த ஆட்டத்தின் இன்றைய வடிவம் 1980இல் நியூயார்க்கில் டேனியல் ஓக்ரென்ட் என்ற பத்திரிகையாளரும் அவருடைய நண்பர்களும் தொடங்கியது. அவர்கள் கூடிய உணவகத்தின் பெயரால் அதை ரொட்டிசெரி பேஸ்பால் என்று இன்றும் அழைக்கிறார்கள். ரசிகர்கள் உண்மையான ஆட்டக்காரர்களை ஏலத்தில் எடுத்துக் கற்பனை அணி அமைப்பார்கள். அந்த ஆட்டக்காரர்கள் மைதானத்தில் சேர்க்கும் எண்களே இவர்களுக்குப் புள்ளிகளாகும். பரவலாக ஆடப்படும் முறையில் மட்டையாளர்களுக்கு ஐந்து பிரிவுகளும் பந்து வீச்சாளர்களுக்கு ஐந்து பிரிவுகளும் உண்டு. நாங்கள் நிரப்ப வேண்டிய பத்திகள் அவைதான்.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்த எனக்கு, இந்த வேலையில் கடினமான பகுதி ஆட்டத் திறனைக் கணிப்பதாகத்தான் இருக்கும் என்று சேரும்போது தோன்றியது. உண்மையில் அதற்கு எளிமையான வழி ஒன்று எப்போதோ கிடைத்துவிட்டது. டாம் டாங்கோ என்ற ஆய்வாளர் உருவாக்கிய 'மார்செல்' முறைக்கு அவர் ஒரு குரங்கின் பெயரை வைத்ததே, குரங்குகூடப் போட்டுவிடக்கூடிய கணக்கு இது என்ற கேலிக்காகத்தான். கடந்த மூன்று ஆண்டுகளின் எண்களை எடுத்து, அண்மை ஆண்டை 5ஆலும் அதற்கு முந்தையதை 4ஆலும் அதற்கும் முந்தையதை 3ஆலும் பெருக்க வேண்டும். அதோடு லீகின் சராசரி ஆட்டக்காரர் ஒருவருடைய 1200 மட்டை வாய்ப்புகளை, அதாவது மட்டையோடு பந்தை எதிர்கொள்ள இறங்கும் முறைகளை, கலக்க வேண்டும். கடைசியில் 29 வயதை மையமாக வைத்து, இளையவருக்குச் சற்றுக் கூட்டி மூத்தவருக்குச் சற்றுக் குறைக்க வேண்டும்.

ஒரு மட்டையாளர் சென்ற ஆண்டு 600 வாய்ப்புகளில் 30 ஹோம் ரன்களும், அதற்கு முந்தைய ஆண்டு 500இல் 20உம், அதற்கும் முன்பு 400இல் 10உம் அடித்திருக்கிறார், வயது 29 என்று வைத்துக்கொள்வோம். எடையிட்டுக் கூட்டினால் 6200 வாய்ப்புகளில் 260 ஹோம் ரன்கள். லீக் சராசரி 3 விழுக்காடு என்று கொண்டால், கலக்க வேண்டிய 1200 வாய்ப்புகளில் 36 ஹோம் ரன்கள் வரும். ஆக 7400இல் 296, அதாவது சரியாக 4 விழுக்காடு. வரும் ஆண்டுக்கான வாய்ப்புகளுக்கும் அதே முறையில் ஒரு சூத்திரம் உண்டு: சென்ற ஆண்டின் வாய்ப்புகளில் பாதி, அதற்கு முந்தைய ஆண்டினதில் பத்தில் ஒரு பங்கு, அவற்றோடு 200. நம் ஆளுக்கு 550 வருகிறது. 550இல் 4 விழுக்காடு 22 ஹோம் ரன்கள்.

முப்பது அடித்தவருக்கு இருபத்திரண்டா என்ற கேள்வி எங்களுக்கு ஒவ்வோர் ஆண்டும் வந்து சேரும். 2024இல் ஆரன் ஜட்ஜ் 58 ஹோம் ரன்களும் ஷோஹெய் ஓட்டானி 54உம் அடித்தார்கள். ஏறக்குறைய எந்த ஆண்டை எடுத்தாலும் பட்டியலின் உச்சியில் இருப்பவரின் எண் முன்கணிப்புகளின் உச்சியைவிட உயரமாகவே இருக்கும். வலிமையான மட்டையாளர்கள் முப்பது பேரில் யாரோ ஒருவர் தம் சராசரியை வெகுதூரம் தாண்டப் போகிறார் என்பது எங்களுக்கும் தெரியும், யார் என்பதுதான் தெரியாது. தெரியாத நிலையில், நல்ல ஆண்டும் கெட்ட ஆண்டும் கையில் காயம்பட்ட ஆண்டும் சேர்ந்த நடுவளவைத்தான் ஒவ்வொருவருக்கும் எழுத முடியும். இந்த விளக்கத்தை நான் நேர்மையானது என்றே கருதுகிறேன், ஆனால் அதைக் கேட்டு மனநிறைவோடு போன வாடிக்கையாளர் எவரையும் பார்த்ததில்லை.

பேஸ்பால் புராஸ்பெக்டஸ் என்ற நிறுவனம் 2003இல் வெளியிட்ட, நேட் சில்வர் உருவாக்கிய பெக்கோட்டா, டான் சிம்போர்ஸ்கியின் ஜிப்ஸ், ஸ்டீமர் எனப் பல நுணுக்கமான முறைகளும் உண்டு. பந்து மட்டையிலிருந்து கிளம்பும் வேகம்கூட 2015 முதல் ஸ்டாட்காஸ்ட் என்ற கண்காணிப்புத் தொழில்நுட்பத்தின் வழியாக எல்லா மைதானங்களிலும் அளக்கப்படுகிறது. இவற்றால் கணிப்பு கூர்மையாகியிருக்கிறது என்பதில் ஐயமில்லை. ஆனாலும் வாய்ப்புக்கு இத்தனை என்ற விகிதத்தில் முறைக்கு முறை உள்ள வேறுபாடு பெரும்பாலோருக்குச் சிறியதுதான். எங்கள் குளிர்காலத்தை விழுங்குவது எத்தனை வாய்ப்பு என்ற கேள்விதான், அதற்குச் சூத்திரம் தரும் விடை பாதி வழிக்குத்தான் துணைக்கு வரும்.

ஓர் அணி ஆண்டுக்கு 162 ஆட்டங்கள் ஆடுகிறது. ஆட்டத்துக்கு ஏறத்தாழ 38 மட்டை வாய்ப்புகள் என்றால் ஆண்டு முழுவதற்கும் 6150 அளவில் இருக்கும். வரிசையில் முதலில் இறங்குபவருக்கு மிகுதியாகக் கிடைக்கும். ஒவ்வோர் இடம் கீழே இறங்கும்போதும் ஆண்டுக்குப் பதினைந்துக்கு மேல் குறையும். சூத்திரம் ஒவ்வோர் ஆட்டக்காரரையும் தனியாக வைத்துப் பார்ப்பதால் இந்த மொத்தம் அதன் கண்ணில் படுவதில்லை. கல்யாணப் பந்தியில் போட்ட இலைக்கு மேல் ஆள் உட்கார முடியாது என்பதுபோல, ஓர் அணிக்குள் ஒருவருக்குக் கூட்டிய வாய்ப்பை இன்னொருவரிடமிருந்து எடுத்தே ஆக வேண்டும். பந்து வீச்சிலும் இதே கதைதான். ஓர் அணிக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 1440 இன்னிங்ஸ் உண்டு (பேஸ்பாலில் எதிரணியின் மூன்று பேரை வெளியேற்றினால் ஓர் இன்னிங்ஸ்). ஐந்து தொடக்க வீச்சாளர்களுக்கும் தலா 180 எழுதிவிட்டுப் போய்விட ஆசையாக இருக்கும், ஆனால் 2024இல் 200 இன்னிங்ஸை எட்டியவர்கள் லீக் முழுவதிலுமே 4 பேர்தான். ஆறாவது, ஏழாவது, எட்டாவது வீச்சாளர்களுக்கு இப்போதே இடம் ஒதுக்க வேண்டும், அவர்களில் சிலர் அப்போது கீழ்நிலைப் போட்டியான மைனர் லீகில் பேருந்தில் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருப்பார்கள்.

சனவரியில் நடக்கும் பங்கீடு எப்படியிருக்கும் என்பதற்கு ஓர் உதாரணம். ஓர் அணியின் வெளிக்களத்து மூன்று இடங்களையும், களத்தில் இறங்காமல் மட்டை மட்டும் பிடிக்கும் டிஹெச் இடத்தையும் நானும் மூத்த சக பணியாளர் ஒருவரும் நிரப்பிக்கொண்டிருந்தோம். நான்கு இடங்களுக்கும் சேர்த்து 2720 வாய்ப்புகள் இருந்தன. ஐந்து பேருக்கு 620, 600, 580, 550, 500 என்று போட்டோம், மாற்று ஆட்டக்காரர்களுக்கு 250. எக்செல் தாளில் கூட்டுத்தொகைக் கட்டம் சிவந்தது: 380 மிகை. அவர் அந்த அணியின் ஊர்க்காரர், சிறுவயது முதல் அதன் ரசிகர். "இவர் போன வருஷம் நூற்றைம்பது ஆட்டம் ஆடியிருக்கிறார், இவர் மேல் கை வைக்காதீர்கள்" என்றார். "அப்படியென்றால் யார் மேல்தான் கை வைப்பது?" என்று கேட்டேன். ஒவ்வொரு பெயருக்கும் அவரிடம் ஒரு காரணம் இருந்தது, அவற்றில் பலவும் நியாயமான காரணங்கள். கடைசியில் முப்பத்தைந்து வயதைத் தாண்டியவரிடம் 120, இடக்கை வீச்சாளர்களை எதிர்கொள்ளத் திணறும் இடக்கை மட்டையாளரிடம் 130, தொடைத் தசைக் காயம் அடிக்கடி வரும் ஒருவரிடம் 130 என்று வெட்டினோம். தனித்தனியாகப் பார்த்தால் மூன்றுமே கஞ்சத்தனமாகத் தெரியும் எண்கள். அணியின் மொத்தம் மட்டும் சரியாக இருந்தது.

இப்படியே முப்பது அணிகள். ஓர் ஆட்டக்காரர் இன்னோர் அணிக்கு விற்கப்பட்டால் இரண்டு தாள்களிலும் பங்கீடு முதலிலிருந்து தொடங்கும்.

பிப்ரவரி நடுவில் ஃபுளோரிடாவிலும் அரிசோனாவிலும் பயிற்சி முகாம்கள் திறந்ததும் செய்திகள் கொட்டத் தொடங்கும். வாழ்நாளிலேயே இப்போதுதான் உடம்பு இவ்வளவு கட்டாக இருக்கிறது என்று ஆட்டக்காரர்கள் சொல்வதும், அதைப் பத்திரிகையாளர்கள் கேலியாகத் தொகுப்பதும் ஆண்டுதோறும் நடக்கும் சடங்கு. அந்தச் செய்திகளுக்காக நாங்கள் ஓர் எண்ணைக்கூட மாற்றுவதில்லை. பயிற்சி ஆட்டங்களில் ஒருவர் வைத்திருக்கும் மட்டைச் சராசரிக்கும் பெரிய மதிப்புத் தருவதில்லை, ஏனென்றால் எதிரே வீசுபவர் பாதி நேரம் மைனர் லீகுக்குத் திரும்பப் போகிறவர். பயிற்சியாளர் யாரை வரிசையில் எங்கே இறக்கிப் பார்க்கிறார், பந்து வீச்சாளரின் வேகம் சென்ற ஆண்டைவிட மணிக்கு இரண்டு மைல் குறைந்திருக்கிறதா என்பவற்றைக் கூர்ந்து கவனிப்போம். முழங்கையில் வலி, எம்ஆர்ஐ எடுக்கப்போகிறார்கள் என்று ஒரு வரி வந்தால் அன்று அந்த அணியின் தாளைத் திறந்துவைத்துக் காத்திருக்க வேண்டியதுதான். முழங்கைத் தசைநாரைச் சரிசெய்யும் டாமி ஜான் அறுவைச் சிகிச்சை என்று முடிவானால் அவருடைய 170 இன்னிங்ஸும் அன்றே மற்றவர்களுக்குப் போகும்.

சில ஆண்டுகள் எல்லாச் சூத்திரங்களையும் கலைத்துப் போட்டன. 2020இல் பெருந்தொற்றால் ஆட்டங்கள் 60 ஆகச் சுருங்கின. மைனர் லீக் பருவம் நடக்கவே இல்லை. முந்தைய ஆண்டில் 650 வாய்ப்புகளும் 2020இல் 240உம் பெற்ற, ஓர் ஆட்டமும் தவறவிடாத மட்டையாளருக்கு நான் மேலே சொன்ன சூத்திரம் 2021க்கு 385 வாய்ப்புகளைத்தான் தந்தது. அந்தச் சுருங்கிய பருவத்தை 162 ஆட்டங்களுக்கு விரித்துப் பார்த்தால் வாய்ப்புகளின் கணக்கைச் சரிசெய்துவிடலாம். திறன் விகிதத்துக்கு மட்டும் 240 வாய்ப்புகளின் எடையைத்தான் தர வேண்டும். ஆனால் அந்த ஆண்டு முழுவதும் எங்கும் ஆடாத இருபது வயதுக்காரர்களுக்கு எதையும் விரிக்க முடியாது. அவர்களுக்கு 2019இன் எண்களையும் ஓராண்டு கூடிய வயதையும் மட்டும் வைத்து எழுதினோம்.

2023க்கான தயாரிப்பு வேறு மாதிரியானது. பேஸ்களின் அளவு 15 அங்குலத்திலிருந்து 18 ஆக்கப்பட்டது. பேஸில் நிற்பவரை மடக்குவதற்காகப் பந்து வீச்சாளர் எத்தனை முறை முயலலாம் என்பதற்கும் கட்டுப்பாடு வந்தது. திருட்டுகள் கூடும் என்பதில் எவருக்கும் ஐயமில்லை, ஏனென்றால் இந்த விதிகளை முன்பே மைனர் லீக்குகளில் சோதித்துப் பார்த்திருந்தார்கள். கேள்வி எல்லாருக்கும் ஒரே விழுக்காட்டில் கூட்டுவதா, ஏற்கெனவே ஓடுபவர்களுக்கு மட்டும் கூட்டுவதா என்பதுதான். லீக் மொத்தம் 2022இல் 2486 ஆக இருந்தது 2023இல் 3503 ஆனது. ரொனால்ட் அகூன்யா ஒருவரே 73 பேஸ்களைத் திருடினார். மொத்த உயர்வை ஓரளவு ஊகிக்கலாம், அதில் ஒருவர் தனியாக எவ்வளவு அள்ளிக்கொள்வார் என்பது எந்தத் தாளிலும் அடங்காது.

மைதானங்களைச் சொல்லாமல் விட முடியாது. கடல்மட்டத்திலிருந்து ஒரு மைல் உயரத்தில் இருக்கும் டென்வரில் பந்து தொலைவு போகும் என்பது பழைய செய்தி, அதற்கான திருத்தம் எல்லார் கையிலும் உண்டு. 2025க்குத்தான் புதிய சிக்கல் வந்தது: ஏ'ஸ் அணி சாக்ரமென்டோவுக்குப் போனது, புயலில் கூரை கிழிந்த தங்கள் அரங்கத்தை விட்டு ரேஸ் அணி டாம்பாவின் ஸ்டைன்பிரென்னர் மைதானத்துக்குப் போனது. இரண்டுமே மைனர் லீக் அணிகள் ஆடும் இடங்கள்.

எண்கள் எல்லாம் நிரம்பிய பிறகு அவற்றை ஏல விலையாக மாற்ற வேண்டும். 12 பேர் ஆடும் வழக்கமான லீகில் ஒவ்வொருவர் கையிலும் 260 டாலர், நிரப்ப வேண்டியது 23 இடங்கள். ஆக 3120 டாலர், 276 ஆட்டக்காரர்கள். ஏலத்தில் கடைசியாக எடுக்கத்தக்கவரை ஒரு டாலர் என்று வைத்து, அவரைவிட மற்றவர் ஒவ்வொரு பிரிவிலும் எவ்வளவு கூடுதல் என்று அளந்து மிச்சப் பணத்தைப் பிரிக்கிறோம். இங்கேயும் மொத்தம் கட்டிப்போடப்பட்டிருப்பதால், குளிர்காலத்தில் யாருக்காவது மனமிரங்கி எழுதிய ஐம்பது வாய்ப்புகள் இங்கே டாலராக வந்து நிற்கும்.

பருவம் முடிந்ததும் எங்கள் தாளை நடந்ததோடு ஒப்பிடுவோம், அருகில் மார்செலின் எண்களையும் வைத்து. அந்தக் குரங்கைத் தோற்கடிக்க முடியாவிட்டால் எங்களுக்குச் சம்பளம் எதற்கு என்பது அலுவலகத்தில் பாதி வேடிக்கையாகவும் பாதி உண்மையாகவும் சொல்லப்படுவது. ஒப்பீட்டில் திரும்பத் திரும்ப வருவது ஒன்றுதான்: மட்டையாளர்களின் ஹோம் ரன் விகிதத்தில் ஓரளவு நெருங்கியிருப்போம், வாய்ப்புகளின் எண்ணிக்கையில் எட்டாத தொலைவில் இருப்போம். அதனால் வாய்ப்புகளை ஒற்றை எண்ணாக எழுதாமல், உடம்பு ஒத்துழைத்தால் இத்தனை, ஒத்துழைக்காவிட்டால் இத்தனை என்று இரண்டாக எழுத வேண்டும் என்று நான் வாதாடி வருகிறேன். உள்ளே இருக்கும் தாளில் அதற்கு இடம் கொடுத்துவிட்டார்கள். வெளியே போகும் தாளில் இன்னும் ஒரே எண்தான் போகிறது, ஏலத்தில் உட்கார்ந்திருப்பவர் ஒரு விலையைத்தானே சொல்ல முடியும் என்பது அவர்கள் தரும் பதில், அதற்கு என்னிடம் இதுவரை மறுமொழி இல்லை.