கூடுதலாகப் போட்ட கம்பி

"பலம் கூடினால் என்ன கெட்டுவிடும்?" என்று கேட்டேன். அந்த இளம் பொறியாளர் பதில் சொல்லாமல் வரைபடத்தைச் சுருட்டினார். விடை எனக்குத் தெரியும். தெரிந்தே கேட்டேன் என்பதுதான் இன்றும் உறுத்துகிறது.

நாங்கள் வடிவமைத்த உயரமான கட்டடத்தை நடுவில் நின்று தாங்கும் கான்கிரீட் மையச் சுவரில், வாசல்களுக்கு மேலே இரு பக்கச் சுவரையும் பிணைக்கும் இணைப்பு பீம்கள், காற்றின் விசைக்கான கணக்கில் பலம் பற்றாமல் போயின. மெலிந்து உயர்ந்த கட்டடங்களில் இது வழக்கம்தான். கட்டடம் ஒருமுறை ஆடித் திரும்பும் அலைவு நேரம் ஆறு வினாடியை எட்டினால் நிலநடுக்க விசை கணக்கில் சிறுத்துவிடும். பீமின் அளவைக் காற்றுதான் தீர்மானிக்கும். பீமுக்குள் சாய்வாகப் போகும் மூலைவிட்டக் கம்பிகளின் விட்டத்தை 25 மில்லிமீட்டரிலிருந்து 32 ஆக்கச் சொன்னேன்.

"சார், நிலநடுக்கத்தில் முதலில் விட்டுக்கொடுப்பதற்காகத்தானே அந்த பீம்களை வைத்திருக்கிறோம்?"

சரியான கேள்வி. பீம்கள் நெகிழ்ந்து ஆற்றலை வாங்கிக்கொள்ள வேண்டும், சுவர் தப்ப வேண்டும். ஒவ்வொரு பீமும் தாங்கும் விசை மாடிக்கு மாடி சேர்ந்து, ஒரு பக்கச் சுவரை மேலே இழுக்கும், மறுபக்கத்தை அழுத்தும். கம்பியின் பரப்பு ஒன்றரை மடங்குக்கும் மேல் ஏறினால் அந்த இழுவையும் ஏறத்தாழ அதே அளவு ஏறும். சுவரை வடிவமைத்தபோது அந்த இழுவை கணக்கில் இல்லை.

ஆனால் காற்று ஆண்டுதோறும் அடிக்கிறது. அதற்கே பீம் விரிசல் விட்டால் யார் பதில் சொல்வது? முடிவில் தவறில்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். அன்றிரவே தனியாக உட்கார்ந்து சுவரைச் சரிபார்த்தேன். கீழ்மாடிகளில் செங்குத்துக் கம்பியைக் கூட்டினேன். கணக்கு நின்றது. சுவரைக் குறுக்கே அறுக்கப் பார்க்கும் வெட்டுவிசையில் மட்டும் சுவர் மயிரிழையில் தப்பியது. அந்த விசையில் பெரும்பங்கு இரண்டாம் அலைவு வடிவத்திலிருந்து, அதாவது கட்டடம் பாம்புபோல் வளைந்து வேகமாக ஆடும் ஆட்டத்திலிருந்து வருவது. அடிச்சுவர் நெகிழ்ந்த பிறகும் அது அடங்காது.

இவ்வளவு உயரமான கட்டடத்தை நிலநடுக்கம் ஒன்றும் செய்யாது என்று நானே பலமுறை சொல்லியிருக்கிறேன். ஆனால் 2011 ஜப்பான் நிலநடுக்கத்தின்போது, மையத்திலிருந்து 700 கிலோமீட்டருக்கும் அப்பால், ஒசாகாவில் 256 மீட்டர் உயரக் கட்டடம் ஒன்று இரு பக்கமும் ஒரு மீட்டருக்கு மேல் ஆடியது. நிலத்தின் நீண்ட அலைவும் கட்டடத்தின் அலைவும் ஒத்துப்போனதே காரணம். இதுவும் எனக்குத் தெரிந்ததுதான்.

மறுநாள் திருத்திய வரைபடத்தைக் கொடுத்தேன். சுவரில் கம்பி ஏன் கூடியிருக்கிறது என்று கேட்டார்.

"கட்டுவதற்கு வசதி" என்றேன்.

திருத்தக் குறிப்பில் அதையே எழுதிக்கொண்டார். அந்த வரைபடத்தில் இன்னும் அப்படியேதான் இருக்கிறது.