வெற்றுக் குப்பியில் ஒரு பீக்

ஜனவரி 9

ஏரியடியிலிருந்து எடுத்த வண்டல் தூண் இன்று ஆய்வகத்துக்கு வந்து சேர்ந்தது. நாங்கள் அதைக் கோர் என்றுதான் சொல்வோம். சரியாக ஒரு முழம் நீளம். மேலே பழுப்பு, நடுவில் கருமை, அடியில் சாம்பல் நிறக் களிமண். மேலே இருப்பது போன வருடத்துச் சேறு, அடியில் இருப்பது கொள்ளுத்தாத்தா காலத்துச் சேறு. குழாயிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மேலே தள்ளி, எஃகுத் தகட்டால் ஒவ்வொரு சென்டிமீட்டராக அறுத்தோம், மொத்தம் 44 துண்டு, எண் மேலிருந்து. ஒவ்வொரு துண்டிலும் ஓரத்தைச் சுற்றிச் சில மில்லிமீட்டரைச் செதுக்கி எடுத்துவிட வேண்டும். குழாய் இறங்கும்போது மேல்சேற்றை ஓரமாக இழுத்துக்கொண்டே இறங்கும், அந்த இழுவையையும் சேர்த்து அளந்தால் கொள்ளுத்தாத்தா காலத்திலேயே பிசிபி என்ற ஆலை வேதிப்பொருள் இருந்தது என்று எழுத வேண்டிவரும்.

"அக்கா, இவ்வளவு சேற்றையும் தூக்கிப் போடணுமா?" என்று கேட்டாள் புதிதாகச் சேர்ந்திருக்கும் மாணவி. ஆமாம்மா, போடணும். மனசு வராதுதான்.

ஒவ்வொரு துண்டிலும் பாதியைத் தனியாக உறைபெட்டியில் வைத்தோம். இது என் பழைய பழக்கம், எதையும் முழுதாகச் செலவழிக்க மாட்டேன்.

ஜனவரி 13

நாங்கள் தேடுவது என்ன என்று இங்கே படிப்பவர்களில் சிலர் கேட்டிருந்தீர்கள். எளிதில் சிதையாதவை, தண்ணீரை விட்டுக் கொழுப்பில் போய் ஒட்டிக்கொள்பவை, காற்றில் நெடுந்தூரம் போகக்கூடியவை, உயிருக்கு நஞ்சானவை. இந்த நான்கு குணமும் ஒன்றாகச் சேர்ந்த கரிமச் சேர்மங்கள். இவற்றை ஒழிக்க 2001-இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை கையெழுத்தானபோது பட்டியலில் 12 இருந்தன. பூச்சிக்கொல்லிகளான டிடிடி, ஆல்ட்ரின், டயல்ட்ரின், அப்புறம் பிசிபி, டயாக்சின் எல்லாம் அதில் அடக்கம். இப்போது பட்டியல் 30-ஐத் தாண்டிவிட்டது.

கொழுப்பில் ஒட்டுவது சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் மிதவை உயிரியை இறால் தின்கிறது, இறாலைச் சின்ன மீன், அதைப் பெரிய மீன், அதைக் கழுகு. தின்றது எல்லாம் செரித்து வெளியே போய்விடும், இது மட்டும் போகாது. படிக்குப் படி கூடிக்கொண்டே வந்து, தண்ணீரில் அளக்கவே முடியாத அளவாக இருந்தது கழுகின் உடம்பில் முட்டை ஓட்டை மெலிய வைக்கும் அளவுக்கு ஏறிவிடுகிறது. டிடிடி உடம்பில் மாறி உண்டாகும் டிடிஇ செய்த வேலை அது. பெற்ற பறவை அடைகாக்க உட்கார்ந்தாலே முட்டை நொறுங்கியது.

ஜனவரி 21

பன்னிரண்டு துண்டுகள் முடிந்தன. உலர்த்தி, எடை போட்டு, சேற்றிலிருந்து சேர்மங்களைக் கரைத்து எடுக்கும் சாக்ஸ்லெட் கண்ணாடிக் கருவியில் இரவு முழுக்க ஓடவிட்டோம். கரைப்பான் ஆவியாகி மேலே போய்க் குளிர்ந்து சொட்டுச் சொட்டாகச் சேற்றின் மேல் விழும், குழல் நிறைந்ததும் ஒரே மடக்கில் கடகடவென்று கீழே இறங்கும், மறுபடி நிறையும். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வேலை பார்ப்பது எனக்குப் பிடிக்கும்.

ஓட விடுவதற்கு முன்பே ஒவ்வொரு மாதிரியிலும் கார்பன்-13 ஏற்றிய பிசிபியை அளந்து சேர்த்துவிடுவோம். வேதியியலில் அதுவும் பிசிபிதான், எடை மட்டும் கொஞ்சம் கூடுதல், அதனால் கருவி இரண்டையும் பிரித்துக் காட்டிவிடும். போட்டதில் எவ்வளவு திரும்பி வந்தது என்று பார்த்தால், நடுவழியில் எவ்வளவு தொலைத்தோம் என்று தெரிந்துவிடும். இன்று ஒரு மாதிரியை நைட்ரஜன் காற்றில் ஆவியாக்கும்போது கண் அசந்து, குப்பி முழுக்க வறண்டுவிட்டது. தவறு என்னுடையது. அந்தத் துண்டை மறுபடி தொடங்க வேண்டும்.

அப்புறம் தாமிரத் துருவல். ஏரிச் சேற்றில் கந்தகம் நிறைய இருக்கும், அது கருவிக்குள் போனால் எல்லாப் பீக்கையும், அதாவது ஒவ்வொரு பொருளுக்கும் வரைபடத்தில் எழும் முகட்டையும், மூடி மறைத்துவிடும். அமிலத்தில் கழுவிப் பளபளவென்று இருக்கும் துருவலைக் குப்பியில் போட்டுக் குலுக்கினால் கந்தகத்தைப் பிடித்துக் கறுத்துப்போகும். கறுக்காத புதுத் துருவல் மிஞ்சும்வரை போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கருப்பு அடுக்கிலிருந்து எடுத்த துண்டுக்கு நான்கு தடவை போட்டோம்.

ஜனவரி 28

பிளாங்கில் பீக் வந்திருக்கிறது.

பிளாங்க் என்றால் வெற்று மாதிரி. சேறு இருக்காது, மற்ற எல்லாம் அதேதான், அதே கரைப்பான், அதே கண்ணாடி, அதே கைகள். அதில் ஒன்றும் வரக்கூடாது. பிசிபி வரவில்லை, நிம்மதி. ஆனால் டெக்கா வந்திருக்கிறது. டெக்கா என்பது பத்து புரோமின் ஏறிய தீத்தடுப்பான், மின்கருவிகளின் பிளாஸ்டிக் உறைகளிலும் திரைத்துணிகளிலும் சேர்த்துவந்தார்கள், 2017-இல்தான் ஸ்டாக்ஹோம் பட்டியலுக்குள் வந்தது.

முதலில் சிறிய பீக்தானே, கழித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். மாணவிதான் கணினியைத் திருப்பிக் காட்டினாள். "அக்கா, 40-ஆவது துண்டிலும் இருக்கு பாருங்க." அந்தத் துண்டு டெக்கா என்ற பொருளையே யாரும் செய்யாத காலத்துச் சேறு. அதில் டெக்கா இருக்க வழியே இல்லை. அப்படியென்றால் இங்கிருந்துதான் போயிருக்கிறது, எங்கள் கையிலிருந்து.

ஜனவரி 30

கரைப்பானைத் தனியாகக் கருவியில் ஓட்டினோம், சுத்தம். சோடியம் சல்பேட், சுத்தம். சிலிக்கா, சுத்தம். கண்ணாடிக் குடுவைகளை 450 டிகிரியில் சுட்டு எடுத்து மறுபடி பிளாங்க் வைத்தோம், பீக் அப்படியே நிற்கிறது.

இந்த இரண்டு நாளும் சோரன் ஜென்சனை நினைத்துக்கொண்டே இருந்தேன். ஸ்வீடன் வேதியியலாளர். 1960-களில் டிடிடியைத் தேடி மீனையும் கழுகையும் அலசிக்கொண்டிருந்தவருக்கு, கருவி வரையும் குரோமட்டோகிராமில் டிடிடி பீக்குகளுக்கு நடுவே யாருக்கும் தெரியாத வேறு சில பீக்குகள் வந்தன. தொல்லை என்று தள்ளியிருக்கலாம், பலர் தள்ளியும் இருப்பார்கள். அவர் விடவில்லை. அருங்காட்சியகத்தில் வைத்திருந்த பழைய கழுகு இறகுகளைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். டிடிடி புழக்கத்துக்கு வருவதற்கு முந்தைய இறகிலும் அது இருந்தது, ஆக அது பூச்சிக்கொல்லி இல்லை என்று தெரிந்தது. கடைசியில் பிசிபி என்று கண்டுபிடித்து 1966-இல் அறிவித்தார். மின்மாற்றிகளிலும் மின்தேக்கிகளிலும் ஊற்றிவந்த எண்ணெய், 1929-இலிருந்து ஆலைகளில் செய்துவந்தது. இயற்கையில் எங்கும் அது இருப்பதாக அதுவரை யாருக்கும் தெரியாது. தன் மனைவியின் தலைமுடியிலும் கைக்குழந்தையின் முடியிலும் கூடப் பார்த்தார். இருந்தது. அந்தக் காகிதச் சுருளைக் கையில் வைத்துக்கொண்டு அன்று வீட்டுக்கு எப்படிப் போனாரோ.

பிப்ரவரி 3

இன்னும் கிடைக்கவில்லை. கையுறையை மாற்றினோம், அங்கியை மாற்றினோம், விளக்கு உறையைத் துடைத்தோம்.

ஆய்வகம் சுத்தமாக இல்லை என்று வெளியே சொல்லக் கூச்சப்படும் ஆட்களுக்கு நான் எப்போதும் கிளேர் பேட்டர்சன் கதையைச் சொல்வேன். பூமியின் வயதைக் கணக்கிட ஈயத்தை அளக்கப் போனவர், எங்கே தொட்டாலும் கணக்குக்கு மீறிய ஈயம். தரையைத் தேய்த்து, குடுவைகளை அமிலத்தில் கொதிக்க வைத்து, காற்றை வடிகட்டி, வருடக்கணக்கில் அந்த வெளி ஈயத்தோடு மல்லுக்கட்டினார். 1956-இல் பூமியின் வயது 455 கோடி ஆண்டு என்று வெளியிட்டார். ஆனால் அவரை அத்தனை வருடம் அலைக்கழித்த அந்த ஈயம் எங்கிருந்து வந்தது? பெட்ரோலில் கலந்த ஈயம் அதில் பெரும்பங்கு. அதற்குப் பிறகு அவர் வாழ்க்கை முழுக்க அந்த ஈயத்தை எதிர்த்தே போனது. அழுக்கான பிளாங்க்தான் அவருக்குக் கிடைத்த இரண்டாவது கண்டுபிடிப்பு. பிளாங்கைக் கழித்துவிட்டு மறந்துபோகும் ஆய்வுக் கட்டுரைகளைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

பிப்ரவரி 6

கிடைத்துவிட்டது!

எடை போடும் அறையில் தராசுக்குப் பக்கத்தில் ஒரு பழைய கணினி. பெட்டித் திரை, பின்னால் விசிறி. அந்த விசிறி இறக்கைகளில் சாம்பல் நிறத்தில் பஞ்சு போலத் தூசி அடர்ந்திருந்தது. ஹெக்சேன் கரைப்பானில் நனைத்த கண்ணாடி இழைத்தாளால் ஒரு இழுப்பு இழுத்து ஓட்டினேன். பீக் திரையின் உச்சியில் போய் முட்டியது. இத்தனை வருடமாக அந்த விசிறி, தராசு மேலே, குப்பிகள் மேலே, எங்கள் மூக்கிலும், அதை ஊதிக்கொண்டிருந்திருக்கிறது.

டெக்கா பிளாஸ்டிக்கோடு வேதியியலாகப் பிணைந்திருக்காது, வெறுமனே கலந்து வைத்திருப்பார்கள், அதனால் பிளாஸ்டிக் பழசாகப் பழசாகத் தூசியோடு உதிரும். வீட்டுத் தூசியும் அப்படித்தான், தவழும் குழந்தை தரையைத் தொட்ட கையை வாயில் வைக்கும்போது நேராக உள்ளே போய்விடுகிறது.

கணினியை வெளியே எடுத்துவிட்டோம். எடை போட்ட அத்தனை துண்டுகளுக்கும் டெக்கா அளவை மறுபடி எடுக்க வேண்டும். உறைபெட்டியில் பாதி பாதியாக வைத்தது எவ்வளவு நல்லதாகப் போயிற்று.

பிப்ரவரி 11

தங்கை கூப்பிட்டாள். மூன்று மாதக் குழந்தை. நான் எழுதியதைப் படித்துவிட்டாள் போல. "அக்கா, தாய்ப்பாலில் இதெல்லாம் இருக்குமாமே, நிறுத்திடட்டுமா?"

நிறுத்தாதே என்றேன். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் என்பதுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்வது, இந்த மாசுகள் எல்லாம் தெரிந்த பிறகும் அதை மாற்றவில்லை. பால் தரும் பாதுகாப்பு அவ்வளவு பெரியது. பாலில் இருக்கிறது என்று நாங்கள் அளப்பது, பாலை நிறுத்துவதற்காக இல்லை, அது அங்கே போய்ச் சேராமல் தடுப்பதற்காக.

போனை வைத்த பிறகு கொஞ்ச நேரம் வேலை ஓடவில்லை. 1980-களின் கடைசியில் கனடாவின் கியூபெக்கில் எரிக் டெவாய்லி என்ற மருத்துவர், மாசு படாத தாய்ப்பால் ஒப்பீட்டுக்கு வேண்டும் என்று தொழிற்சாலைகளே இல்லாத வடகோடியிலிருந்து இனுவிட் பழங்குடித் தாய்மார்களின் பாலை வாங்கினார். தெற்கே நகரத்துப் பெண்களின் பாலைவிட ஐந்து மடங்கு பிசிபி இருந்தது. வெப்பமான இடத்தில் ஆவியாகிக் குளிரான இடத்தில் படிந்து, வெட்டுக்கிளி தத்துவது போலத் தத்தித் தத்தி அது வடக்கே போய்ச் சேர்ந்திருந்தது. அங்கே மீன், சீல், திமிங்கிலம் என்று படிப்படியாகக் கூடி, அவற்றை உண்டு வாழும் தாய்மார்களிடம் வந்தது. ஒரு துளிகூட அவர்கள் செய்ததும் இல்லை, விற்றதும் இல்லை.

அவர் தேடிப்போனது சுத்தமான பால். 2017-இல் பசிபிக் கடலின் மரியானா அகழியில் 10,000 மீட்டருக்கும் கீழே பிடித்த சிறு உயிரிகளிலும் பிசிபி இருந்தது என்று வந்தபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்தப் பால்தான்.

பிப்ரவரி 20

மறுபடி எடை, மறுபடி சாக்ஸ்லெட், மறுபடி தாமிரம். பிளாங்க் சுத்தம். மூன்று தடவை ஓட்டிப் பார்த்துவிட்டேன்.

மார்ச் 4

வயதுக் கணக்கு வந்தது. சீசியம்-137 உச்சம் 19-ஆவது துண்டில், அணுகுண்டுச் சோதனைகளின் எச்சம் அதிகமாக விழுந்த 1963 அது. கதிரியக்கம் தேய்வதை வைத்துப் போடும் ஈயம்-210 கணக்கும் அதோடு ஒத்துப்போகிறது. இப்போது ஒவ்வொரு துண்டுக்கும் வருடம் எழுதலாம்.

பிசிபி 28-ஆவது துண்டுக்குக் கீழே இல்லை. அங்கிருந்து மெல்ல ஏறி, 17-ஆவது துண்டில், அதாவது 1970-ஐ ஒட்டி, உச்சம். அப்புறம் இறங்குகிறது. பிசிபிக்குப் போட்ட தடைகள் வேலை செய்திருக்கின்றன, சேற்றிலேயே தெரிகிறது. இதைப் பார்க்கும்போது உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது, ஏனென்றால் தடை போட்டு என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு இந்த ஒரு முழம் சேற்றைக் காட்டலாம். ஸ்வீடனிலும் தாய்ப்பாலில் பிசிபி இப்படித்தான் குறைந்தது. ஆனால் அதே பால் மாதிரிகளில் 1972 முதல் 1997 வரை புரோமின் தீத்தடுப்பான்கள் ஐந்தாண்டுக்கு ஒருமுறை இரட்டிப்பாகிக்கொண்டிருந்தன. ஒன்று இறங்கும்போது இன்னொன்று ஏறிக்கொண்டிருந்தது.

எங்கள் கோரிலும் அதேதான். டெக்கா 15-ஆவது துண்டில் தலைகாட்டி, மேலே வர வர ஏறுகிறது. பிசிபிக் கோடோ கடைசி ஐந்து துண்டுகளில் இறங்காமல் தட்டையாக நிற்கிறது, பூஜ்யத்தைத் தொடவில்லை. பழைய கருவிகளிலும் குப்பை மேடுகளிலும் இன்னும் இருப்பது கசிந்து வந்துகொண்டிருக்கிறது. பிசிபி உள்ள கருவிகளைப் புழக்கத்திலிருந்து எடுக்க 2025, கழிவை ஒழுங்காக அழிக்க 2028 என்று உடன்படிக்கை கெடு வைத்திருக்கிறது.

மாணவி வரைபடத்தைப் பெரிதாக அச்செடுத்து, ஒவ்வொரு புள்ளிக்குக் கீழேயும் அந்த நாளின் பிளாங்க் அளவைச் சின்ன எழுத்தில் தானே எழுதி வைத்திருந்தாள். நான் சொல்லவில்லை. கணினி இருந்த நாட்களின் அளவுகளையும் சிவப்பு மையில் அப்படியே விட்டிருந்தாள்.

"இதையும் கட்டுரையில் போடலாம்தானே அக்கா?"

போடுகிறோம். நாளை 40-ஆவது துண்டை இன்னொரு தடவை ஓட்ட வேண்டும்.