சுருதி சேர்க்கிற நேரம்

எனக்கு வாத்தியம் வாசிக்கப் பிடிக்கும். அதைவிடச் சுருதி சேர்க்கப் பிடிக்கும். "ஏதாவது ஒண்ணு வாசிங்கண்ணே" என்று வீட்டுக்கு வந்தவர்கள் கேட்டால், கையில் எடுத்ததும் வாசிக்க மாட்டேன். சேர்த்துக்கொண்டே இருப்பேன். இன்றைக்கு அந்த வாத்தியம் எந்த நிலையில் இருக்கிறது, எந்த இடத்தில் இழுக்கிறது, எந்த இடத்தில் தளர்ந்திருக்கிறது என்பதெல்லாம் அப்போதுதான் கைக்குத் தெரியும்.

நான் வித்வான் இல்லை. ரங்கூனில், பயின்னவுங் சந்தையில் ஒரு பருப்பு மண்டியில் கணக்கு எழுதுகிறேன். உளுந்தும் துவரையும் மூட்டை மூட்டையாகச் சென்னைக்குக் கப்பலேறுகிற தொழில். சாயங்காலம் குளித்துவிட்டு உட்கார்ந்தால் வாத்தியம். கோயில் பஜனை, பங்குனி உத்திரத்துக் காவடிப் பாட்டு, கல்யாண வீட்டில் முதல் நாள் ராத்திரி, இவ்வளவுதான் என் மேடை. காசு வாங்கி வாசித்ததில்லை. அந்த ஆசையும் வந்ததில்லை.

முதலில் கைக்கு வந்தது ஆர்மோனியம். 1964-ல் கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டது; மே மாதத்தில் 50, 100 கியாட் நோட்டுகளும் செல்லாமல் போயின. எங்கள் தெருவில் பாதிப் பேர் கப்பலேறினார்கள். அப்படிப் போன ஒரு குடும்பம் அப்பாவிடம் கொடுத்து வைத்தது அந்தப் பெட்டி. "திரும்பி வந்து வாங்கிக்கிறோம்ண்ணே" என்று சொல்லிவிட்டுப் போனார்களாம். யாரும் வரவில்லை. நான் தவழ்கிற வயதிலிருந்து அது எங்கள் வீட்டில் இருக்கிறது.

கட்டையை அழுத்தினால் சத்தம் வருகிறதே, ஆர்மோனியத்தில் சுருதி சேர்க்க என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் மேல் பலகையைக் கழற்றிப் பார்க்க வேண்டும். பித்தளை நாக்குகள் வரிசையாக இருக்கும். ஒரு சுரம் கொஞ்சம் இறங்கியிருந்தால் அந்த நாக்கின் நுனியில் மெல்லச் சுரண்ட வேண்டும். நுனி லேசானால் சுருதி ஏறும். அடிப்பக்கம் சுரண்டினால் இறங்கும். சுரண்டுவது கண்ணுக்கே தெரியாத அளவு. காதுக்கு மட்டும் தெரியும். ஒருமுறை சுரண்டிய பித்தளை திரும்ப வராது என்பதால் மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்கிற வேலை அது. எனக்கு அதில் சலிப்பே வந்ததில்லை.

மிருதங்கம் கற்றது கோயிலில். அறுபதுகளின் நடுவிலேயே தமிழ்ப் பள்ளிக்கூடங்கள் போய்விட்டதால் எழுத்து, தேவாரம், தாளம் எல்லாமே எங்களுக்குக் கோயில் கூடத்தில்தான். எனக்குச் சொல்லிக் கொடுத்த மாமா முதல் மாதங்களில் அடிக்கவே விடவில்லை. ரவை பிசையச் சொன்னார். அனௌரத்தா சாலைக் கடையில் வாங்கிய ரவையில் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு, காது மடல் மாதிரி ஆகும் வரை பிசைந்து, இடது பக்கத்துத் தொப்பியின் நடுவில் வட்டமாக அப்ப வேண்டும். அப்பியதும் விரலை நனைத்து ஓரத்தை வழிக்க வேண்டும். தட்டிப் பார்த்தால் வெறும் தோலின் வறட்டுச் சத்தம் போய், அடிவயிற்றிலிருந்து வருகிற ஒரு கும்காரம் கிடைக்கும். ரவை கூடினால் சத்தம் மந்தமாகும். குறைந்தால் சுருதி ஏறிவிடும். வலந்தலைக்கு, அதாவது வலது பக்கத்துக்கு, கல்லும் கட்டையும். தோல் ஓரத்து மூட்டின் பின்னலை மேலிருந்து கீழே தட்டினால் ஏறும், கீழிருந்து மேலே தட்டினால் இறங்கும். ஒரு பக்கம் தட்டினால் எதிர்ப்பக்கம் மாறும். சுற்றிச் சுற்றி எல்லா இடத்திலும் ஒரே சத்தம் வருகிற வரை விடக்கூடாது. இங்கே ஜூன் முதல் அக்டோபர் வரை மழை கொட்டும். தோல் ஈரத்தைக் குடித்துத் தளர்ந்துவிடும். மார்கழியில் காய்ந்து இறுகும். ஆண்டு முழுக்க ஒரே மாதிரி இருக்கிற தோல் வாத்தியம் ரங்கூனில் கிடையாது.

ரவை பிசையப் பழகிய பிறகுதான் பர்மியர்களின் பட் வைங் எனக்குப் புரிந்தது. வட்டமான மரச் சட்டத்துக்குள் வாசிப்பவர் நடுவில் உட்கார்ந்திருப்பார். அவரைச் சுற்றி உள்பக்கமாக 21 சிறு மத்தளங்கள் தொங்கும். ஒவ்வொன்றும் ஒரு சுரம். நாட் என்கிற பர்மிய ஆவித் தெய்வங்களுக்குப் பூசை நடக்கும் கொட்டகையில் அந்தச் சட்டத்துக்குப் பின்னால் நின்று பார்த்தேன். வாசிப்பவர் பக்கத்தில் ஒரு கிண்ணம். அதில் சோற்றையும் விறகுச் சாம்பலையும் சேர்த்துப் பிசைந்த உருண்டை. இரண்டு பாட்டுக்கு நடுவில் விரலால் கொஞ்சம் கிள்ளி ஒரு மத்தளத்தில் ஒட்டுவார், தட்டுவார், பாதியை எடுத்துவிடுவார், திரும்பத் தட்டுவார். நம் ஊர்க்காரர் ரவையை வைக்கிற இடத்தில் இவர்கள் சோறும் சாம்பலும் வைக்கிறார்கள். தோலின் மேல் பாரம் ஏறினால் சுரம் இறங்கும் என்கிற விஷயத்தை இரண்டு பக்கத்துக் கைகளும் தெரிந்து வைத்திருக்கின்றன. அன்றிலிருந்து பர்மிய சங்கீதத்தை வேற்று வீட்டுச் சங்கீதமாக நான் நினைக்கவில்லை.

அப்புறம்தான் சவுங். பர்மிய யாழ். படகு போன்ற உடல், படாக் மரத்தில் கடைந்தது. தண்ணீர்த் திருவிழா சமயத்தில் மஞ்சளாகப் பூக்குமே, அதே மரம். மேலே மான் தோல், அதில் நான்கு சிறு துளைகள். ஒரு முனையிலிருந்து எழுந்து வளைகிற கொம்பு, காசுக்கட்டி மரத்தின் வேர். இயற்கையாகவே வளைந்த வேராகத் தேடி எடுப்பார்கள். 16 நரம்புகள், அந்தக் காலத்தில் பட்டு, இப்போது நைலான். ஒவ்வொரு நரம்பும் கொம்பில் சுற்றிய சிவப்பு நூல் கயிற்றில் முடிந்திருக்கும், குஞ்சம் தொங்கும். முறுக்காணி கிடையாது. அந்தக் கயிற்றைக் கொம்பின் மேலேயே திருகி நகர்த்தித்தான் சுருதி ஏற்ற வேண்டும், இறக்க வேண்டும். இப்போது கிடார் திருகாணி வைத்த சவுங்குகளும் கடையில் இருக்கின்றன, வசதிதான். நான் கயிறு கட்டியதையே வைத்திருக்கிறேன். திருகும்போது நரம்பின் இறுக்கம் உள்ளங்கையில் நேராகத் தெரிகிறது, அந்தச் சுகத்தை விட மனம் வரவில்லை.

சவுங் சொல்லித் தந்த சயா, அதாவது வாத்தியார், கண்டிப்பானவர். ஞின்லோன், அவுக்பியன், பலே, மியின்சைங் என்று சுருதி கூட்டும் முறைகள் இருக்கின்றன. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக எல்லா நரம்பையும் தொட வேண்டாம், சிலவற்றை மட்டும் மாற்றினால் போதும். எந்தெந்த நரம்பு என்று காதே சொல்லும் வரை பாட்டுப் பக்கம் போகவிடவில்லை அவர். இடைப்பட்ட சுரம் வேண்டுமானால் இடது கட்டைவிரலால் நரம்பைக் கொம்புக்குப் பக்கத்தில் அழுத்த வேண்டும். வலது கை மீட்டும். பாடுகிறவர் கையில் சிறு மணித் தாளமும் மரக் கட்டையும் இருக்கும். நம் பஜனையில் பாடுகிறவரே ஜால்ரா தட்டுவது போலத்தான்.

சங்க காலத்துப் பொருநராற்றுப்படையில் கரிகாலனைப் பாடப் போகிற பொருநனின் யாழை உறுப்பு உறுப்பாக வர்ணித்திருக்கிறார்கள். பத்தர் என்கிற உடல், மேலே போர்த்திய தோல், கோடு என்கிற வளைந்த கொம்பு, அதில் வரிந்த திவவு என்கிற வார்க்கட்டு, நரம்பு. சவுங்கை மடியில் வைத்துக்கொண்டு அந்த வரிகளைப் படித்தேன். ஒவ்வொன்றையும் விரலால் தொட முடிந்தது. தமிழ்நாட்டில் வீணை வந்து யாழ் கையை விட்டுப் போயிற்று. விபுலானந்த அடிகள் பல ஆண்டு ஆராய்ந்துதான் 1947-ல் யாழ் நூலை அரங்கேற்றினார். இங்கே வளைந்த யாழ் வழக்கொழியவே இல்லை. புரோம் பக்கத்துச் சிறீக்ஷேத்திரத்தில் ஏழாம் நூற்றாண்டுக் கற்சிற்பத்தில் இருக்கிறது. 802-ல் பர்மாவின் பழைய பியூ நாட்டுக் கலைஞர்கள் சீனத்துத் தாங் அரசவைக்குக் கொண்டுபோனார்கள். இன்றைக்கு ரங்கூன் போஜோக் சந்தையில் விலைக்குக் கிடைக்கிறது. யார் யாரிடமிருந்து கற்றார்கள் என்று வாதாட நான் ஆராய்ச்சியாளன் இல்லை. திவவு என்றால் என்ன என்று உரையைப் பார்க்காமல் என் உள்ளங்கைக்குத் தெரிகிறது. ரங்கூனில் பிறந்ததற்கு எனக்குக் கிடைத்த பெரிய சொத்து அது.

பேரன் கிடார் வாசிக்கிறான். "தாத்தா, போன்லயே பாத்துக்கலாமே, பச்சை லைட் எரிஞ்சா சரி" என்று சவுங்குக்கு நேராகப் போனை வைத்தான். சில நரம்புகளுக்கு எரிந்தது. சிலவற்றுக்கு எரியவே இல்லை. சயா சேர்த்துக் கொடுத்த பழைய பர்மியச் சுரங்கள் ஆர்மோனியக் கட்டைக்கும் கிடார் கட்டத்துக்கும் நடுவில் எங்கோ நிற்பவை. "இது தப்பா இருக்கா தாத்தா?" என்று கேட்டான். போனை எடுத்து வைத்துவிட்டு, அந்த நரம்பை அதன் மேல் சுரத்தோடு சேர்த்து மீட்டச் சொன்னேன். இரண்டும் அலையாமல் ஒன்றாக நின்றன. "இல்ல, சரியாத்தான் இருக்கு" என்றான் அவனே. இப்போது வாரம் ஒருநாள் அவன்தான் சேர்க்கிறான், நான் கேட்கிறேன்.

மழைக்காலம் முடியப்போகிறது, மார்கழி பஜனைக்கு இப்போதே தயாராக வேண்டும். உங்கள் வீட்டில் மூலையில் தூசி படிந்த மிருதங்கமோ சத்தம் பிசகிய ஆர்மோனியமோ கிடந்தால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கோயிலுக்கு எடுத்து வாருங்கள். ரவை நான் கொண்டு வருகிறேன். தோல் கிழிந்திருந்தால் சென்னைக்குப் போகிறவர்களிடம் கொடுத்து மூட்டு மாற்றிக்கொள்ளலாம். மற்றதெல்லாம் இங்கேயே உட்கார்ந்து சேர்த்துவிடலாம்.