மெர்ஜுக்குள் காணாமல் போன என் ஒரு வரி

எங்கள் நிரல் தயாரிக்கும் அறிக்கையில் மாதத்தின் கடைசி நாள் பதிவுகள் விடுபடுகின்றன என்று புகார் வந்தது. "இதை நான் சரிசெய்து மூன்று வாரம் ஆகிறது" என்று உடனே பதில் எழுதினேன். எழுதி அனுப்பிய பிறகுதான் கோப்பைத் திறந்தேன். '<=' என்று (கடைசி நாளையும் சேர்க்கும்படி) நான் மாற்றியிருந்த இடத்தில் பழையபடி '<' மட்டும் இருந்தது. நான் அந்தக் கோப்பைத் தொடவே இல்லை என்பதுபோல் இருந்தது.

அன்று பிற்பகல் முழுவதும் அந்த ஒரு குறியின் பின்னால் அலைந்தேன். கிட் (நிரலில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் மென்பொருள்) பயன்படுத்தும் யாருக்கும் இது நேரலாம். தேடும் வழி தெரியாவிட்டால் பழி தவறான ஆள்மீது விழும் என்பதால் நடந்ததை விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் செய்தது எல்லோரும் செய்வதுதான்: அந்தக் கோப்பின் பெயரைக் கொடுத்து, வரலாற்றை மாற்றங்களோடு காட்டும் 'கிட் லாக் -பி'. பட்டியலில் என் கமிட்டே, அதாவது நான் பதிந்த மாற்றமே, இல்லை. யாரோ திரும்பப் பெற்றிருந்தால் 'ரிவர்ட்' என்று ஒரு கமிட்டாவது இருக்க வேண்டும், அதுவும் இல்லை. 'கிட் பிளேம்' ஓட்டினேன். அந்த வரி இரண்டு ஆண்டுகளுக்கு முன் வேறொருவர் எழுதியது என்று காட்டியது. என் கிளையை (நான் தனியாக வேலை செய்த நிரல் வடிவத்தை) எல்லோருக்கும் பொதுவான முதன்மைக் கிளையில் சேர்க்கவே மறந்துவிட்டேனா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

என் கமிட்டின் எண் பழைய மின்னஞ்சல் ஒன்றில் இருந்தது. அதைக் கொடுத்து, எந்தக் கிளைகளில் அது இருக்கிறது என்று 'கிட் பிராஞ்ச் --கன்டெய்ன்ஸ்' கொண்டு கேட்டேன். முதன்மைக் கிளையின் பெயர் வந்தது. ஆக, கமிட் வரலாற்றில் இருக்கிறது. ஆனால் அது செய்த மாற்றம் கோப்பில் இல்லை, கோப்பின் வரலாற்றிலும் தெரியவில்லை.

இந்த இடத்தில்தான் எனக்கு ஒரு மணி நேரம் போனது. காரணம் தெரிந்த பிறகு பார்த்தால் எல்லாம் தெளிவாக இருக்கிறது. ஒரு கோப்பின் பெயரைக் கொடுத்து வரலாற்றைக் கேட்டால், கிட் அதைச் சுருக்கித்தான் காட்டும். வழியில் ஒரு மெர்ஜ் (இரண்டு கிளைகளைச் சேர்க்கும் கமிட்) வந்தால், அந்தக் கோப்பு எந்தப் பெற்றோர் கமிட்டில் (சேர்வதற்கு முன் ஒவ்வொரு கிளையிலும் கடைசியாக இருந்த கமிட்டில்) இருப்பதுபோலவே முடிவிலும் இருக்கிறது என்று பார்க்கும். அப்படி ஒரு பெற்றோர் கிடைத்துவிட்டால் அந்தப் பக்கமாக மட்டும் நடக்கும். மற்றப் பக்கத்தை எட்டியும் பார்க்காது. இன்றைய கோப்பு எப்படி இந்த நிலைக்கு வந்தது என்பதைச் சொல்ல அது போதும் என்பது அதன் கணக்கு. பெரும்பாலான நாள்களில் அந்தக் கணக்கு சரிதான். ஆனால் நான் தேடியது கோப்பில் இருப்பதை அல்ல, இல்லாமல் போனதை. மெர்ஜில் தோற்ற பக்கம் என்னுடையது. அந்தப் பக்கம் வரலாற்றிலிருந்தே மறைந்திருந்தது. பிளேமும் அப்படித்தான். வரி மாறாமல் வந்த பெற்றோரின் வழியே பின்னோக்கிப் போய், அதை முதலில் எழுதியவரிடம் நின்றுவிடும்.

'--ஃபுல்-ஹிஸ்டரி' சேர்த்து மீண்டும் கேட்டேன். என் கமிட் வந்தது! நான் எழுதிய செய்தி, நான் எழுதிய தேதி, நான் சேர்த்ததைக் காட்டும் அந்தப் பச்சை வரி. நிம்மதிப் பெருமூச்சு விட்டேன். அழித்தது யார் என்பது மட்டும் இன்னும் தெரியவில்லை.

அடுத்து அந்த வரியை அப்படியே கொடுத்து, பெரிய எழுத்து '-எஸ்' போட்டுத் தேடினேன். ஒரு சொற்றொடரின் எண்ணிக்கை கூடிய, குறைந்த கமிட்களை எல்லாம் அது காட்டும். என் வரி சேர்ந்த கமிட் வந்தது. நீங்கிய கமிட் வரவில்லை. ஒரு வரி கோப்பிலிருந்து நீங்கியிருக்கிறது, ஆனால் எந்தக் கமிட்டும் அதை நீக்கவில்லை. மிஞ்சியிருந்தவை மெர்ஜ் கமிட்கள் மட்டுமே.

'கிட் லாக் -பி' மெர்ஜ் கமிட்களுக்கு எந்த மாற்றத்தையும் காட்டுவதில்லை. தலைப்பைக் காட்டும், 'மெர்ஜ்' என்று இரண்டு எண்களைக் காட்டும், அடுத்ததற்குப் போய்விடும். '-எஸ்' தேடலும் அந்த மாற்றங்களையே நம்பியிருப்பதால் மெர்ஜுக்குள் நடந்தது அதன் கண்ணிலும் படாது. இத்தனை ஆண்டுகளாக அந்த வெறுமையை 'இங்கே ஒன்றும் நடக்கவில்லை' என்று படித்து வந்திருக்கிறேன். உண்மையில் அதற்குப் பொருள் 'நீ கேட்கவில்லை, நான் காட்டவில்லை' என்பதுதான். மெர்ஜ் என்பது இரண்டு கிளைகள் தாமாகச் சேர்வது மட்டுமல்ல. இரண்டு பக்கமும் ஒரே இடத்தை வெவ்வேறாக மாற்றி மோதல் வந்தால் ஒரு மனிதர் உட்கார்ந்து எதை வைப்பது, எதை விடுவது என்று தீர்மானிக்கிறார். அந்தத் தீர்மானத்தை எழுதி வைத்திருக்கும் ஒரே இடம் மெர்ஜ் கமிட்தான்.

எனவே முதன்மைக் கிளையின் நேர்க்கோட்டை மட்டும் பார்ப்பது என்று முடிவு செய்தேன்: 'கிட் லாக் --ஃபர்ஸ்ட்-பேரன்ட் -எம் -பி', கடைசியில் கோப்பின் பெயர். முதல் பெற்றோர் (மெர்ஜை ஏற்றுக்கொண்ட கிளையின் பக்கம்) வழியே மட்டும் நடந்து, ஒவ்வொரு மெர்ஜும் அந்தக் கிளைக்கு என்ன கொண்டுவந்தது என்பதை இது காட்டும். இரண்டு மெர்ஜ்கள் வந்தன. ஒன்றில் என் வரி உள்ளே வந்திருந்தது. ஒன்பது நாள் கழித்து நடந்த இன்னொன்றில் வெளியே போயிருந்தது. அது அறிக்கைப் பகுதியையே திருத்தி எழுதிய ஒரு பெரிய கிளை. நீண்ட நாள் தனியாக வளர்ந்து வந்தது.

அந்த மெர்ஜ் எண்ணைக் கொடுத்து 'கிட் ஷோ' ஓட்டினேன். ஷோ, லாகைப் போல மெர்ஜைத் தாண்டிப் போகாது; இரண்டு பெற்றோரோடும் ஒப்பிட்டு ஒருங்கிணைந்த டிஃப் (வேறுபாடுகளின் பட்டியல்) ஒன்றைத் தரும். தலைவரியில் இரண்டு '@' குறிகளுக்குப் பதில் மூன்று இருக்கும். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் குறிகளுக்கு இரண்டு நெடுவரிசைகள்: முதலாவது முதல் பெற்றோருக்கு, இரண்டாவது மற்றவருக்கு. '++' என்று இருந்தால் இரண்டு பக்கத்திலும் இல்லாத வரி மெர்ஜில் புதிதாக எழுதப்பட்டது என்று பொருள். மோதலைக் கையால் தீர்க்கும்போது யாராவது சொந்தமாக ஏதேனும் சேர்த்திருந்தால் இங்கே மாட்டிக்கொள்ளும். ஆனால் என் கோப்பு அதில் இல்லவே இல்லை. ஒரு கோப்பு ஏதாவது ஒரு பெற்றோரில் இருப்பதுபோல அப்படியே முடிந்திருந்தால், ஒருங்கிணைந்த டிஃப் அதைச் சொல்லாமல் விட்டுவிடும். ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுப்பது அதன் பார்வையில் மாற்றமே அல்ல. எனக்கோ அந்தத் தேர்வுதான் முழு வழக்கும்.

அப்போது அணியில் மூத்தவர் ஒருவர் என் திரையைப் பார்த்துவிட்டு, "ரீமெர்ஜ்-டிஃப் போட்டுப் பார்த்தீர்களா?" என்று கேட்டார். நான் கேள்விப்பட்டதே இல்லை. தட்டச்சு செய்தால் அப்படி ஒரு விருப்பமே இல்லை என்றது டெர்மினல். அது கிட் 2.36 பதிப்பில், 2022 ஏப்ரலில் வந்தது. என் கணினியில் இருந்தது அதற்கும் முந்தையது. புதிய பதிப்பை நிறுவினேன்.

அது செய்யும் வேலை எளிமையானது. அந்த இரண்டு பெற்றோரையும் கிட் தானே புதிதாக ஒருமுறை மெர்ஜ் செய்து பார்க்கிறது. மோதல் வந்தால் மோதல் குறிகளை (இரண்டு பக்க வரிகளையும் பிரித்துக் காட்டும் குறிகளை) அப்படியே விட்டுவைக்கிறது. பிறகு அந்த இயந்திர முடிவையும், மனிதர் பதிவு செய்த முடிவையும் ஒப்பிட்டு வேறுபாட்டை மட்டும் காட்டுகிறது. கையால் எதுவும் செய்யாத மெர்ஜுக்கு வெறுமைதான் வரும். அந்த வெறுமையை நம்பலாம்.

என் மெர்ஜுக்கும் வெறுமைதான் வந்தது. சற்று நேரம் ஒன்றும் புரியவில்லை. என் வரி போன மெர்ஜ் இதுதான், ஆனால் இதில் யாரும் கை வைக்கவில்லை. அப்படியானால் வரி இதற்கு முன்பே, அந்தப் பெரிய கிளைக்குள்ளேயே போயிருக்க வேண்டும். அந்தக் கிளையின் மெர்ஜ்களை மட்டும் 'கிட் லாக் --மெர்ஜஸ்' கொண்டு பட்டியலிட்டேன்: முதல் பெற்றோரில் இல்லாமல் இரண்டாம் பெற்றோரில் இருப்பவை. ஒன்றே ஒன்று இருந்தது. கிளையை முதன்மையோடு ஒத்துப்போகச் செய்வதற்காக, அந்தக் கிளையை எழுதியவர் முதன்மையைத் தம் கிளைக்குள் மெர்ஜ் செய்து இழுத்திருந்தார். அதன் எண்ணைக் கொடுத்து 'கிட் ஷோ --ரீமெர்ஜ்-டிஃப்'.

திரையில் வந்ததை இன்றும் வரிவரியாகச் சொல்ல முடியும். கழித்தல் குறியோடு ஏழு '<' கொண்ட மோதல் வரி. அதன் கீழே, நிரலில் ஒரு பெயரை மாற்றி அவர் எழுதியிருந்த வரியும், அதையடுத்து '<' உள்ள பழைய வரியும் குறி ஏதுமின்றி, அப்படியே வைத்துக்கொள்ளப்பட்டவையாக. பிறகு கழித்தல் குறியோடு ஏழு '='. அதற்குக் கீழே, சிவப்பில், கழித்தல் குறியோடு பெயர் மாற்றப்படாத பழைய மேல் வரி, அதையடுத்து அதே குறியோடு என் '<=' வரி. கடைசியில் ஏழு '>'.

மேல் வரியை அவர் மாற்றினார். கீழ் வரியை நான் மாற்றினேன். அடுத்தடுத்த வரிகள் என்பதால் கிட் மோதல் என்று நிறுத்தியது. அவர் 'கிட் செக்அவுட் --அவர்ஸ்' கொடுத்து கோப்பு முழுவதையும் தம் பக்கத்திலிருந்தே எடுத்துவிட்டார். தம் கிளைக்குள் முதன்மையை இழுக்கும்போது 'அவர்ஸ்' என்பது தம் கிளை. (ரீபேஸில், அதாவது நம் கமிட்களை வேறொரு கிளையின் மேல் மீண்டும் அடுக்கும்போது, இதே சொல் தலைகீழாகிவிடும்.) அதன்பின் அந்தக் கிளை முதன்மைக்கு வந்தபோது மோதலே எழவில்லை. இரண்டுக்கும் பொது மூதாதையான கமிட்டில் என் வரி இருந்தது, முதன்மையில் இருந்தது, அவர் கிளையில் இல்லை. அவர் வேண்டுமென்றே மாற்றியிருக்கிறார் என்று எடுத்துக்கொண்டு கிட் அதை அப்படியே சேர்த்துவிட்டது.

அவரிடம் போய்த் திரையைக் காட்டினேன். கோபத்தோடு போகவில்லை, அந்தச் சிவப்பு வரியைப் பார்த்த பிறகு கோபப்பட ஒன்றுமில்லை. "பெயர் மாற்றத்தால் வந்த மோதல் என்றுதான் நினைத்தேன். கீழே ஒரு குறி மாறியிருந்ததைக் கவனிக்கவே இல்லை" என்றார். நம்புகிறேன். வழக்கமான மோதல் குறிகள் இரண்டு பக்கத்தை மட்டுமே காட்டும். மூலத்தில் என்ன இருந்தது என்பதைக் காட்டாது. 'மெர்ஜ் கான்ஃப்ளிக்ட்ஸ்டைல்' அமைப்பை 'டிஃப்3' என்று வைத்திருந்தால் நடுவில் மூலமும் வந்திருக்கும். யார் எதை மாற்றினார் என்பது ஒரே பார்வையில் தெரிந்திருக்கும். அன்று மாலையே இருவரும் எங்கள் கணினிகளில் அதை மாற்றிக்கொண்டோம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அந்தப் பெரிய கிளையின் மறுஆய்வுப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். முப்பத்துநான்கு கோப்புகள். அவற்றின் நடுவே என் வரி நீங்குவது சிவப்பில் தெளிவாக இருந்தது. ஒப்புதல் அளித்த இருவரில் ஒருவன் நான்.

வரியைத் திரும்பச் சேர்த்தேன். கமிட் செய்தியில் பழைய கமிட்டின் எண்ணையும், அதை விழுங்கிய மெர்ஜின் எண்ணையும், எப்படி நடந்தது என்பதையும் நான்கு வரியில் எழுதினேன். மாதக் கடைசி நாளுக்கு ஒரு சோதனையும் சேர்த்தேன்; முதல் முறையே அதை எழுதியிருந்தால், அவர் கிளைக்குள் முதன்மையை இழுத்த அன்றே சோதனை உடைந்து காட்டிக்கொடுத்திருக்கும்.

பிறகு மனம் கேட்கவில்லை. கடந்த ஆறு மாத மெர்ஜ்கள் அனைத்தையும் 'கிட் லாக் --மெர்ஜஸ் --ரீமெர்ஜ்-டிஃப்' கொண்டு வரிசையாகப் பார்த்தேன். பெரும்பாலானவை வெறுமை. சிலவற்றில் மோதல் சரியாகத் தீர்க்கப்பட்டிருந்தது. ஒன்றில் மட்டும், வேறொரு கோப்பில், இன்னொரு தோழியின் திருத்தம் அதே மாதிரி சிவப்பில் கிடந்தது. பிழைச்செய்தி ஒன்றின் சொற்களை அவர் திருத்தியிருந்தார். நான்கு மாதமாகப் பழைய செய்தியே பயனர்களுக்குப் போய்க்கொண்டிருந்தது. மெர்ஜ் எண்ணையும் கட்டளையையும் அவருக்கு அனுப்பினேன். "இது நான் எழுதியதுதானே, எப்போது போனது?" என்று பதில் வந்தது. நாற்காலியை அவர் மேசைக்கு அருகே இழுத்துப் போட்டுக்கொண்டு, முதல் கட்டளையிலிருந்து காட்டத் தொடங்கினேன்.