தொலைபேசியில் வாசிக்கப்பட்ட 43 எழுத்துகள்

ஹட்டன் நகரில் ஒரு சிறிய அலுவலகத்தில் இருந்தபடி, சுற்றியுள்ள தோட்டங்களின் தேயிலைத் தொழிற்சாலைகளில் உள்ள கணினிகளைப் பராமரிப்பது என் வேலை. அன்றன்று நிறுக்கப்படும் கொழுந்தின் கணக்கும், யாருக்கு முழுப்பேர் (முழுநாள் வேலை), யாருக்கு அரைப்பேர் (அரைநாள்) என்ற பதிவும், மாதச் சம்பளப் பட்டியலும் அந்தக் கணினிகளில்தான் இருக்கின்றன. பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றுக்கு நேரில் போவதென்றால், நோர்வூட் வழியாக பஸ்ஸில் போய் இறங்கி, தொழிற்சாலை வரை மலையேறி, வேலையை முடித்துத் திரும்புவதற்குள் அன்றைய பொழுது போய்விடும். எஸ்எஸ்எச் என்ற கட்டளைவரிக் கருவியில் ஒரே ஒரு வரியைத் தட்டினால், அந்தக் கணினியின் முன்னால் உட்கார்ந்திருப்பது போல இங்கிருந்தே வேலை செய்யலாம்.

இந்தக் கருவி பிறந்ததே ஒரு திருட்டுக்குப் பின்னால்தான். 1995இல் பின்லாந்தின் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையமைப்பில் யாரோ ஒட்டுக்கேட்டுக் கடவுச்சொற்களைத் திருடியதைக் கண்ட தாத்து இலோனென் என்ற ஆய்வாளர், அதற்குப் பரிகாரமாக இதை எழுதினார். தூரத்துக் கணினியில் வேலை செய்ய அதுவரை பரவலாகப் பயன்பட்ட டெல்நெட் என்ற கருவியில் கடவுச்சொல் அப்படியே திறந்த எழுத்தாகக் கம்பியில் ஓடும்; இடையில் நிற்பவர் யாராயினும் வாசிக்கலாம். வலையமைப்பில் ஒவ்வொரு சேவையும் கணினிக்குள் நுழைய ஒரு வாயில் எண் உண்டு: டெல்நெட்டின் எண் 23, கோப்புகளை அனுப்பும் எஃப்டிபியின் எண் 21. இரண்டுக்கும் நடுவே காலியாக இருந்த 22ஐ அவர் கேட்டுப் பெற்றார். இன்று நாங்கள் எல்லோரும் பயன்படுத்தும், ஓப்பன்எஸ்எஸ்எச் என்ற இதன் இலவச வடிவம் 1999இல் வெளிவந்தது.

செய்திகளை மறைகுறியாக்கி, அதாவது இடையில் நிற்பவர் வாசிக்க முடியாதபடி மாற்றி, அனுப்புவதுதான் இதன் பெருமை என்று பலரும் சொல்வார்கள். அதைவிட முக்கியமானது, முதன்முறை ஒரு கணினியோடு இணையும்போது இது கேட்கும் கேள்வி என்பது என் எண்ணம். மறுமுனையில் இருப்பது உண்மையிலேயே நீங்கள் தேடிய கணினிதானா என்று என்னால் உறுதிசெய்ய முடியவில்லை, அதன் சாவியின் கைரேகை இது, தொடரலாமா என்று அது கேட்கிறது. சாவி என்பது ஒவ்வொரு கணினியும் தன் அடையாளமாக வைத்திருக்கும் கோப்பு; அதிலிருந்து கணக்கிட்டெடுத்த சுருக்கமே கைரேகை. அந்தக் கைரேகை 43 எழுத்துகளும் இலக்கங்களும் கலந்த ஒரு நீண்ட கோவை. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடத்தில் அதை ஒருநாளும் வாசித்ததில்லை. எனக்குப் பழக்கியவர்களும் வாசித்ததில்லை. 'யெஸ்' என்று தட்டிவிட்டுப் போவதே வழக்கம். மறைகுறியாக்கம் எவ்வளவு பலமாக இருந்தாலும், திருடனோடு இரகசியமாகப் பேசுவதால் ஒரு பயனும் இல்லை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அது உறைத்தது ஓர் ஏப்ரல் மாதத்தில். அந்த மாதத்தில் எங்கள் மலைகளில் பின்னேரமானால் இடியும் மின்னலும் வழமை. இணைப்பு நடுவழியில் அறுந்துபோவது எனக்குப் புதிதல்ல. அதற்காகவே மறுமுனையில், இணைப்பு அறுந்தாலும் வேலையை நிறுத்தாமல் வைத்திருக்கும் டிமக்ஸ் என்ற கருவியைத் திறந்து, அதற்குள் வேலை செய்யப் பழகியிருந்தேன். அன்று காலை பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டத்துக் கணினியோடு இணைந்தபோது வந்தது வேறு விதமான செய்தி. மறுமுனைக் கணினியின் அடையாளம் மாறிவிட்டது, யாரோ இடையில் நின்று ஒட்டுக்கேட்கக்கூடும் என்று திரை எச்சரித்து, உள்ளே விட மறுத்துவிட்டது. என் கணினி முன்பு ஒரு வரியாகச் சேமித்துவைத்த சாவியின் கைரேகையும் இப்போது வந்ததும் ஒத்துப்போகவில்லை. பழைய வரியை அழித்துவிட்டு மறுபடி இணைந்தால் சரியாகிவிடும் என்றார் அருகில் இருந்தவர். அழிப்பதற்கு ஒரு சிறிய கட்டளை போதும். மறுநாள் சம்பளப் பட்டியல் போக வேண்டியிருந்தது.

என் அம்மா 30 வருடங்கள் கொழுந்து பறித்தவர். நிறுவையின்போது தராசின் முள் எங்கே நிற்கிறது என்று குனிந்து பார்க்காமல் ஒருநாளும் நகர மாட்டார். பின்னால் நிற்பவர்கள் அவசரப்படுத்தினாலும் பார்த்துவிட்டுத்தான் கூடையை எடுப்பார். அந்தக் கணக்குகள் இருக்கும் கணினியைப் பார்க்காமல் நம்ப எனக்கு மனம் வரவில்லை.

தோட்டத்து அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். கிளாக்கர் ஐயாதான் பேசினார். கணினியின் முன்னால் அமரச் சொல்லி, கட்டளையை ஓர் எழுத்து ஓர் எழுத்தாகச் சொன்னேன். சாவிகள் இருக்கும் கோப்புறைப் பெயரில் சாய்கோடு எந்தப் பக்கம் சாய வேண்டும் என்பதற்கே இரண்டு முறை விளக்க வேண்டியிருந்தது. கைரேகை அவருடைய திரையில் வந்ததும் நிதானமாக வாசிக்கத் தொடங்கினார்.

"கெப்பிட்டல் கே. சிம்பிள் கியூ. ஏழு. சிம்பிள் எல்லா, ஒன்றா தெரியல்லையே தங்கச்சி."

"ஐயா, மேலே உள்ள வரியில் இருக்கிற ஒன்றோடு வைத்துப் பாருங்கள்."

"ஆ, இது எல்."

மழை இரைச்சலில் மூன்று தடவை தொடக்கத்திலிருந்து வாசிக்க நேர்ந்தது. கடைசி எழுத்து வரை என் திரையில் இருந்ததோடு ஒத்துப்போன பிறகுதான் பழைய வரியை அழித்தேன். பிறகு விசாரித்தபோது காரணம் தெரிந்தது: இரண்டு நாட்களுக்கு முன் இடியில் வன்தட்டு பழுதாகி, திருத்த வந்தவர் புதிய தட்டில் இயங்குதளத்தை மறுபடி நிறுவி, கணக்குகளையும் பயனர் கோப்புறைகளையும் மட்டும் காப்புப் பிரதியிலிருந்து மீட்டிருக்கிறார். கணினியின் பழைய சாவிகள் எங்கள் பிரதியில் சேர்க்கப்படவே இல்லை. அந்தக் குறை என்னுடையது. அன்றைக்கே அந்தக் கோப்புகளையும் பிரதியில் சேர்த்தேன்.

நுழைவதற்குக் கடவுச்சொல்லுக்குப் பதில் சாவி இணை (நாம் இரகசியமாக வைத்திருக்கும் ஒரு சாவியும், மறுமுனைக்குக் கொடுக்கும் அதன் ஜோடியும்) வைத்திருப்பதால் இந்தக் கவனம் தேவையில்லை என்று நினைப்பவர்கள் உண்டு. கடவுச்சொல் என்றால் போலிக் கணினியின் கையில் அதை நாமே கொடுத்துவிடுகிறோம், உண்மை. சாவி என்றால் அதன் இரகசியப் பகுதி நம்மைவிட்டு வெளியே போகாது. ஆனாலும் போலிக் கணினிக்குள் நுழைந்து நாம் தட்டுகிற ஒவ்வொன்றையும் அந்தப் போலி வாசிக்கத்தான் செய்யும். மறுமுனை எது என்பதை, மறுமுனையில் நிற்கிற ஒருவரின் வாய்வழியாகவோ, அவர் எழுதித் தந்த தாள்வழியாகவோ, இந்த இணைப்புக்கு வெளியே வந்த வேறொரு வழியாகத்தான் அறிய முடியும். 2019இல் வந்த ஓப்பன்எஸ்எஸ்எச் 8.0 முதல், அந்தக் கேள்விக்கு 'யெஸ்' என்று தட்டுவதற்குப் பதிலாக, நாம் கேட்டு வைத்திருக்கும் கைரேகையையே பதிலாகக் கொடுக்கலாம்; கருவியே ஒப்பிட்டுப் பார்த்து, பொருந்தினால் மட்டும் உள்ளே விடுகிறது. எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்பவர்களுக்கு நான் முதலில் பழக்குவது இதைத்தான்.

ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் அடுத்த முறை போனபோது அங்குள்ள கணினியின் கைரேகையைப் பெரிய எழுத்தில் அச்சடித்து, அலுவலக மேசை லாச்சியில் வைக்கக் கொடுத்துவந்தேன். போன நவம்பரில் பொகவந்தலாவையிலிருந்து கிளாக்கர் ஐயாவே தொலைபேசி எடுத்தார்.

"தங்கச்சி, நாளைக்கு மெஷின மாத்தப் போறாங்களாம். புதுசுக்கு வர்ற நம்பர நான் வாசிக்கிறேன், பேனையும் தாளும் வச்சிக்கிட்டு இருங்க."